நெட்வொர்க் கார்டுக்கு வைத்த பொட்டு

அன்று எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் நான்கு பேர். அத்தை, சிவகிரியிலிருந்து பஸ்ஸில் வந்த மெக்கானிக் அண்ணாச்சி, அடுப்படிக்கும் அறைக்குமாக நடந்துகொண்டே இருந்த அம்மா, பதினோரு வயதில் நான். அப்பாவை இந்தக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. அவர் நிலைவாசலில் நின்றார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. கையில் அளக்கிற டேப்பு.

டேப்பு எதற்கென்று எனக்குத் தெரியும். அந்த அறையில் இரண்டு தறி போடவேண்டும் என்பது அவருடைய வெகுநாள் திட்டம். சங்கரன்கோவிலில் ஒரு அறை சும்மா கிடந்தால் அதில் தறி ஓடவேண்டும் என்று நினைப்பவர் அவர். பின்கட்டில் ஏற்கெனவே ஆறு தறி ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அவருடைய தங்கை, அதாவது என் அத்தை, கல்யாணம் வேண்டாமென்று சொல்லிவிட்டு எட்டு வருஷம் அடுத்தவர் கடையில் டைப் அடித்தவள், அந்த அறையைக் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தக் கேட்டாள். அப்பா முடியாதென்றும் சொல்லவில்லை, சரியென்றும் சொல்லவில்லை.

"விசயதசமி வரைக்கும் பாப்பேன். அதுக்குப் பொறவு இங்கன ரெண்டு தறி" என்றார்.

அந்த விஜயதசமிதான் அன்றைக்கு. படிப்புக்குச் சான்றிதழ் கொடுக்கிற கம்பெனியிலிருந்து ஒருவர் சாயங்காலம் ஐந்து மணிக்கு அறையைப் பார்க்க வருவதாக இருந்தது. இரண்டு கம்ப்யூட்டராவது இருக்கவேண்டும். இரண்டும் நெட்வொர்க்கில் இணைந்திருக்கவேண்டும். ஒன்றில் இருக்கிற ஃபைலை மற்றதில் திறந்து காட்டவேண்டும். காட்டிவிட்டால் சென்டர் அத்தைக்கு. காட்டாவிட்டால் அவர் அடுத்த வருஷம்தான் வருவார், அதற்குள் அறையில் தறி ஓடும்.

கம்ப்யூட்டர்கள் இரண்டு இருந்தன. ஒன்று கொஞ்சம் புதிது, அதில் நெட்வொர்க் கார்டு இருந்தது. மற்றது ராஜபாளையத்தில் ஏதோ ஆபீசில் கழித்துப்போட்டதை அத்தை விலைபேசி எடுத்து வந்தது. அது ரொம்பப் பழசு, பக்கத்து மிஷினோடு பேசுவதற்கு அதில் வழியே இல்லை. அதற்காகத் திருநெல்வேலி போய் ஒரு கார்டு வாங்கி வந்திருந்தாள். உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை அட்டை. கீழ் ஓரத்தில் வரிசையாகத் தங்கநிறப் பற்கள். அந்தப் பற்கள் கம்ப்யூட்டருக்குள் இருக்கிற வெள்ளைக் குழியில் போய் உட்காரவேண்டும், அவ்வளவுதான் வேலை என்று அத்தை என்னிடம் சொல்லியிருந்தாள்.

நான் செய்த காரியம் முந்தின நாள் நடந்தது. ஆயுத பூசை. அம்மா சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்து, "ஒண்ணு விடாம பொட்டு வையி மக்கா. விட்டுட்டா அது கோவிச்சுக்கிடும்" என்று சொல்லிவிட்டுச் சுண்டல் தாளிக்கப் போய்விட்டாள். இதை என்னிடம் சொல்லியிருக்கக்கூடாது. கதவைத் தாழ் போட்டோமா என்று மூன்று முறை எழுந்துபோய்ப் பார்க்கிற பிள்ளை நான், இன்றைக்கும் அப்படித்தான். ஆறு தறிக்கும் வைத்தேன். தறியில் நூலோடு ஓடுகிற நாடாவுக்கு, கத்தரிக்கோலுக்கு, ஸ்பேனருக்கு, காலையில்தான் தறிகளுக்கு ஊற்றி முடித்த எண்ணெய்க் குடுவைக்கு, சைக்கிளுக்கு, அம்மாவின் அரிவாள்மணைக்கு, இரண்டு மானிட்டருக்கும் வைத்தேன். கடைசியில் பூசைத் தட்டில் வெள்ளி நிறக் கவருக்குள் அந்தக் கார்டு கிடந்தது. கவருக்கு வைத்தால் கார்டுக்கு வைத்ததாகுமா? நாளைக்கு அதுதானே வேலை செய்யவேண்டும்? வெளியே எடுத்தேன். பொட்டு வைக்க நெற்றி மாதிரி ஒரு இடம் தேடினேன். தங்கப் பற்கள்தான் கண்ணுக்கு லட்சணமாகத் தெரிந்தன. இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. பிறகும் மனசு கேட்காமல் ஒரு பல்லும் விட்டுப்போகாதபடி விரலால் இழுத்துவிட்டேன். காய்ந்ததும் கவருக்குள் போட்டுவிட்டேன். தங்கநிறத்தின் மேல் சந்தனம் யார் கண்ணுக்கும் படவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு மெக்கானிக் அண்ணாச்சி கார்டை மாட்டி மிஷினை ஓடவிட்டார். புதுச் சாமான் ஒன்று வந்திருக்கிறது என்று விண்டோஸ் தானாகவே சொல்லுமாம். அது ஒன்றும் சொல்லவில்லை. அணைத்தார், கழற்றினார், மாட்டினார். அடுத்த குழியில் மாட்டினார். அதற்கும் அடுத்த குழியில் மாட்டினார். இதற்கு நடுவே பின்கட்டில் தறிகள் ஆறும் அடித்துக்கொண்டிருந்தன. அவை ஒரே மூச்சில் இழுக்கும்போது கரண்டு இறங்கும். மானிட்டரில் படம் சுருங்கும். பழைய மிஷின் தானாக அணைந்து தானாக எழும். எழுந்ததும் நீலத் திரையைப் போட்டு, என்னை ஒழுங்காக அணைக்கவில்லை என்று குற்றம் சொல்லி, ஹார்டு டிஸ்க்கை முழுக்கச் சோதித்துவிட்டுத்தான் உள்ளே விடும். ஒரு தடவைக்குப் பத்து நிமிஷம்.

"டீச்சர், கார்டு செத்துட்டு போல" என்றார் அண்ணாச்சி. அத்தை இன்னும் ஒரு பிள்ளைக்குக்கூடப் பாடம் எடுக்கவில்லை. அவர் மட்டும் அப்போதே டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்.

"கடைக்காரரு அவரு மிஷின்ல போட்டு லைட்டு எரியக் காட்டித்தான் தந்தாரு. உசுரோடதான் வாங்கிட்டு வந்தேன்."

"அப்பம் உங்க வீட்டுக்கு வந்து செத்துருக்கு."

"இன்னொரு தடவ மாட்டுங்க அண்ணாச்சி."

"ஏழு தடவ மாட்டியாச்சே."

"எட்டாவது தடவ மாட்டுங்கன்னுதான் சொல்லுதேன்."

அவர் மாட்டினார். வாசலில் நின்ற அப்பா டேப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். அதன் 'சரக் சரக்' தறிச் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டது. பயம் வந்தால் கோவில் புற்றுமண்ணை நாக்கில் தொட்டு வைப்பது என் வழக்கம். அன்று இரண்டு தடவை வைத்துவிட்டேன், பயம் போகவில்லை. அத்தை அடிப்பாள் என்பது பெரிய பயம் இல்லை. நான் சொன்னால் அப்பாவுக்கும் கேட்கும், அவர் சிரிப்பார், அந்தச் சிரிப்போடு அறை போய்விடும் என்பதுதான் பயம்.

மணி ஒன்று. அண்ணாச்சி ஸ்குரூ டிரைவரைப் பைக்குள் போட்டார். இன்றைக்கு எந்தக் கடையும் திறந்திருக்காது, வேறு கார்டு கிடைக்காது என்றார். அத்தை அந்தப் பைக்குள் கையைவிட்டு ஸ்குரூ டிரைவரை வெளியே எடுத்து, தானே மிஷினின் மூடியைக் கழற்ற உட்கார்ந்தாள். அதைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை.

"அத்த, பல்லுல நான் சந்தனம் வச்சேன்" என்றேன்.

"எந்தப் பல்லுலட்டி?"

கார்டைக் காட்டினேன். அண்ணாச்சி அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து மூக்கருகே கொண்டுபோனார். "அடப்பாவி மக்கா, கமகமன்னுல்லா இருக்கு" என்றார். அம்மா வாயில் கையை வைத்தாள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. டேப்பு மட்டும் நின்றிருந்தது.

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "போ மூதி, ஒன் ரப்பர எடுத்துட்டு வா. வச்சவளே அழி" என்றாள்.

பென்சில் அழிக்கிற ரப்பர்தான். கார்டை மடியில் வைத்து ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தேன், இரண்டு பக்கமும். கணக்கு நோட்டில் தப்பை அழிக்கும்போதெல்லாம் தாளைக் கிழித்துவிடுகிற நான் அன்று ஒரு கீறல் விழாமல் அழித்தேன். அண்ணாச்சி துணியால் ஒருமுறை துடைத்து மாட்டினார். மிஷின் எழுந்தது. புதுச் சாமான் வந்திருக்கிறது என்றது.

யாரும் சந்தோஷப்படவில்லை, அதற்கு நேரமும் இல்லை. கார்டை மிஷினுக்குப் புரியவைக்கிற டிரைவர் என்ற புரோகிராம் ஏறவேண்டும். அதற்குப் பிளாப்பி, அது பாதியில் விண்டோஸ் சிடியையும் கேட்கும். அண்ணாச்சி சுட்டியைப் பிடித்த கையை எடுத்துவிட்டார்.

"இது ஏறுதப்பம் கரண்டு இறங்கி மிஷின் அணைஞ்சா விண்டோஸே போயிரும் டீச்சர். மொதல்லேருந்து எல்லாம் போடணும். அஞ்சு மணிக்குள்ள நடக்காது."

மானிட்டரில் படம் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அம்மா அப்பாவைப் பார்த்தாள். அத்தை பார்க்கவில்லை. அண்ணனிடம் அறையைக் கேட்டதே போதும், இனி எதையும் கேட்பதில்லை என்று இருந்தவள். "ஏறட்டும்" என்று சொல்லி அவளே அழுத்திவிட்டாள்.

அப்பா வாசலைவிட்டுப் பின்கட்டுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு தறி நின்றது. பிறகு இன்னொன்று. ஆறும் நின்றன. பிறந்ததிலிருந்து தறி ஓடுகிற நாளில் அப்படியொரு அமைதியை நான் கேட்டதில்லை. எனக்குக் காது அடைத்த மாதிரி இருந்தது. முடிந்தது, தறிக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறார், இன்றைக்கே அறையைக் காலி செய்யப்போகிறார் என்றே நினைத்தேன்.

"ஏலே, எல்லாத்துக்கும் எண்ணெய் போடுங்க. வறட்டுச் சத்தமா கேக்கு" என்று அவர் சொல்வது கேட்டது.

திரும்பி வந்து, யாரையும் பார்க்காமல், டேப்பை விரித்து அறையின் தெற்குச் சுவரை அளந்தார். அளந்து முடித்து மறுபடி அதையே அளந்தார். அத்தை "அளந்துக்கிடட்டும்" என்று முனகிக்கொண்டே திரையிலிருந்து கண்ணெடுக்காமல் இருந்தாள். மானிட்டரில் படம் அசையவில்லை. நீலக்கோடு இடமிருந்து வலமாக நிதானமாக நகர்ந்து முடிந்தது. மிஷின் ஒருமுறை அணைந்து எழுந்தது. அண்ணாச்சி இரண்டு மிஷினுக்கும் நம்பர் கொடுத்தார். ஒரே தெரு, கதவு எண் மட்டும் வேறு என்று எனக்கு விளக்கம் சொன்னார். இரண்டுக்கும் நடுவே வயரைச் சொருகி, கறுப்புத் திரையில் எதையோ அடித்தார். அடுத்த மிஷினிலிருந்து பதில் வந்தது. ஒன்றன்பின் ஒன்றாக நாலு வரி. அத்தை அந்த நாலு வரியையும் விரல் வைத்து வாய்விட்டுப் படித்தாள்.

அப்பா அப்போது மூன்றாவது தடவையாக அதே சுவரை அளந்துகொண்டிருந்தார். டேப்பைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போனார். தறிகள் மறுபடி ஓடத் தொடங்கின.

ஐந்து மணிக்கு வந்தவர் இந்த மிஷினில் இருந்த ஃபைலை அந்த மிஷினில் திறந்து பார்த்துவிட்டு, அம்மா கொடுத்த சுண்டலைச் சாப்பிட்டுவிட்டு, கையெழுத்துப் போட்டுப் போனார். ஒன்பதாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை நிறுத்திக்கொண்ட பிறகு எனக்குச் சோறு போட்டது அந்த அறைதான். இப்போதும் அங்கே உட்கார்ந்துதான் டைப் அடிக்கிறேன்.

அன்றைக்கு அறையைக் காப்பாற்றியது என் ரப்பர்தான் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். விஜயதசமியன்று காலையில் ஓட்டிய தறியைச் சாயங்காலத்துக்கு முன்னால் நிறுத்துவது ஆகாது, அந்த வருஷமே விளங்காது என்று சொல்கிறவர் அப்பா. தீபாவளிச் சரக்குக்கு அவசரமாக ஓடிய தறிகள் அவை. எண்ணெய் போட நிறுத்தினார் என்று நானும் அத்தையும் அப்படியே நம்பினோம். எண்ணெய்க் குடுவையை முந்தின நாள் காலையில் ஆறு தறிக்கும் கவிழ்த்து முடித்திருந்தார்கள். காலிக் குடுவைக்குப் பொட்டு வைத்தது நான்தான்.