ஆம்பூரில் வாங்கிய வெள்ளை ஷூ

என் கால் ஒன்பதாம் அளவு. எந்தக் கடைக்குப் போனாலும் "ஜென்ட்ஸ் பக்கம் பாருங்க மேடம்" என்று கையைக் காட்டிவிடுகிறார்கள். நாற்பத்து நான்கு வயதில் இந்த அவமானம் உனக்கு எதற்கு, ஆம்பூருக்குப் போ என்று ஒரு தோழி சொன்னாள். வெளிநாட்டுக்காகத் தைத்து, ஏதோ சின்னக் குறைக்காகக் கழித்துப் போட்ட ஷூக்கள் அங்கே விற்கிறார்களாம். வெள்ளைக்காரிகளுக்கெல்லாம் என் அளவுதானாம். அப்படியே பிரியாணியும் சாப்பிட்டமாதிரி ஆயிற்று என்று போன மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பிவிட்டேன். மே மாதத்தில் அந்தப் பக்கம் போகிறவளுக்குப் புத்தி இருக்கிறதா என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

சென்னை சென்ட்ரலில் காலை ஏழே முக்கால் வண்டி. நூற்றெண்பது கிலோமீட்டர் சொச்சம், பத்தேகாலுக்கு ஆம்பூர். இறங்கின உடனேயே அடுப்பங்கரைக்குள் காலை வைத்த மாதிரி இருந்தது. வெளியே அன்பு என்கிற ஆட்டோக்காரர் கிடைத்தார். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். அரை நாளுக்கு அறுநூறு ரூபாய் என்று பேசிக்கொண்டோம். "வெயில் ஜாஸ்திக்கா, மூணு மணிக்குள்ள சுத்திட்டு ரயில் ஏறிடுங்க. இல்லனா பேஜாராயிடும்" என்றார். ஓட்டுநர் சீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்று தொங்கியது. சிக்னலுக்குச் சிக்னல் அதைக் கவிழ்த்துக்கொண்டே வந்தார்.

ஷூ கடை நெடுஞ்சாலை ஓரத்தில், ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிடம். கால்மணி நேரம் குவியலைக் கிளறி, பால் வெள்ளையில் ஒன்பதாம் அளவு ஜோடி ஒன்றைப் பிடித்தேன். இடது ஷூவின் விரல் பக்கம் மிளகளவுக்கு மூன்று பழுப்புப் புள்ளிகள். "கறை மட்டும்தான் மேடம், தையல் கெட்டி" என்றார் கடைக்காரர். நானூற்றைம்பது ரூபாய். சென்னையில் பத்து மடங்கு சொல்வான். கொண்டாட்டம் தாங்காமல் அங்கேயே மாட்டிக்கொண்டு, பழைய செருப்பைப் பைக்குள் போட்டேன்.

பாலாற்றுப் பாலத்தில் ஐந்து நிமிடம் நிறுத்தினார் அன்பு. ஆறு என்று அவர் காட்டின இடத்தில் சீமைக்கருவேலம்தான் கரைபுரண்டு ஓடியது. பன்னிரண்டு மணிக்கு பஜாரில் பிரியாணி. கத்தரிக்காய்த் தொக்கைக் கூச்சப்படாமல் இரண்டாம் தடவை கேளுங்கள், கொடுப்பார்கள். பன்னிரண்டரைக்கு மேல் போனால் நிற்க இடமிருக்காது.

சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது, இந்த ஷூவை எப்படித்தான் தைப்பார்களோ என்று வாய்விட்டுச் சொன்னேன். "இன்னாக்கா, இது ஒரு விஷயமா? எங்க வீட்டுக்காரம்மாவே தைக்குது. வாங்க, காட்டுறேன்" என்று பேரணாம்பட்டு ரோட்டில் வண்டியைத் திருப்பினார். ஏழு கிலோமீட்டர். போய்ச் சேர்ந்தபோது ஒன்று பத்து. ஊர்ப் பெயரைப் போடவேண்டாம் என்று பிறகு அங்கிருந்தவர்களே கேட்டுக்கொண்டார்கள், போடவில்லை.

சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை. ஷூவை வாசலில் கழற்றிவிட்டு நுழைந்தேன். அன்புவின் மனைவி ரேவதி சுவரில் சாய்ந்து பாயில் உட்கார்ந்திருந்தாள். இருபத்தெட்டு வயது, வயிற்றில் ஏழு மாதம். ஷூவின் மேல்பாகத்தை இங்கே 'அப்பர்' என்கிறார்கள். வெள்ளைத் தோலில் அப்படி ஒன்றை முட்டியில் கவிழ்த்து ஊசியால் கோத்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் துண்டு, இரண்டு மணிக்கட்டிலும் பழந்துணிக் கட்டு. மேலே ஃபேன் சுற்றியது. ஷீட்டின் சூட்டை எடுத்து எங்கள் தலையில் கொட்டுவதுதான் அதன் வேலை. பக்கத்து வீட்டு பர்வீன் அக்காவும் தன் பங்கு அப்பர்களோடு அங்கேதான் இருந்தார். ஐம்பது வயதுக்காரர், வாய் ஓயாதவர்.

ரேவதி எழுந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். மூன்று டம்ளர் குடித்தேன். அன்பு ஒரு சொம்பைக் காலி செய்தார். அவள் குடிக்கவில்லை.

"உனக்கும்மா?" என்றேன்.

"அதுக்குத் தாகமே எடுக்காதுக்கா. ஒட்டக ஜாதி" என்று அன்பு பெருமையாகச் சிரித்தார்.

ரேவதி வாசலில் கிடந்த என் ஷூவைப் பார்த்துவிட்டு எடுத்துவந்தாள். தையலைத் தடவினாள். புள்ளிகளின் மேல் விரலை வைத்தாள்.

"எவ்ளோக்கா குடுத்தீங்க?"

சொன்னேன். கறையால் மலிவாகக் கிடைத்தது என்று சாமர்த்தியமாக வேறு சேர்த்துக்கொண்டேன்.

"இது எண்ணெய்க் கறை இல்லக்கா. வேர்வை. தைக்கிறவ மூக்குலருந்து சொட்டிருக்கு."

அதற்கப்புறம் அவள் சொன்னதை எழுதுவதற்கு இன்னும் எனக்குக் கை வரவில்லை. தண்ணீர் குடித்தால் வேர்க்கும். வேர்த்தால் தோலில் சொட்டும். சொட்டினால் வெள்ளை பீஸ் ரிஜெக்ட். ரெண்டு ரிஜெக்ட் விழுந்தால் அடுத்த வாரம், ஃபேக்டரியிலிருந்து வேலை கொண்டுவருகிற ஏஜென்ட், பீஸே கொடுக்கமாட்டார். அதனால் காலையில் ஒரு டீ. பிறகு சாயங்காலம் ஆறு மணிக்கு ஏஜென்ட் வந்து வாங்கிப் போகிறவரை ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது.

"அடிப்பாவி! வயித்துப்பிள்ளைக்காரிடி நீ!" என்று கத்தியேவிட்டேன். முதல் தடவை பார்க்கிற பெண்ணை 'டி' போட்டுப் பேசியது அப்புறம்தான் உறைத்தது.

"நீங்க ஒண்ணு. வெள்ளை வந்துச்சுன்னா இந்தத் தெருவே அப்படித்தான் கெடக்கும்" என்றார் பர்வீன் அக்கா, ஊசியை நிறுத்தாமலே. "கறுப்பு வந்தா தப்பிச்சோம்."

அன்புவுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். அவருக்கு இது தெரியாது. "நான் ஃபேக்டரில இருந்தப்ப பதினொரு மணிக்கு மோரு குடுப்பாங்களே" என்றார். "அது உள்ள வேலை செய்றவங்களுக்கு. வீட்ல தைக்கிறவளுக்கு எவன் மோர் ஊத்துவான்?" என்றார் பர்வீன் அக்கா.

சரி, விடியற்காலையில் தைத்தால் என்ன என்று கேட்டேன். ஏதோ கண்டுபிடித்துவிட்ட நினைப்பு எனக்கு.

"முன்ன அப்படித்தான்க்கா தைச்சோம்" என்றாள் ரேவதி. "அப்ப கத்திரி வெயில் மட்டும்தான் கஷ்டம். இப்ப பங்குனிலயே புடிச்சிக்கிச்சின்னா ஆவணி வரைக்கும் விடமாட்டேங்குது. போர்ல உப்புத்தண்ணி, அதுவும் கீழ போய்டுச்சு. தண்ணி லாரி அஞ்சரைக்கு வரும். குடம் போட்டு, புடிச்சி, தூக்கியாந்து முடிக்க ஒம்போது. அப்புறம் சோறு, தொவைக்கிறது. ஊசிய எடுக்கவே பதினொண்ணு ஆய்டுது."

கேட்டுக்கொண்டீர்களா? வீட்டுக்கெல்லாம் தண்ணீர் பிடிக்கிறவள், அதைப் பிடிக்கப் போனதால் உச்சி வெயிலில் தைக்கிறாள். உச்சி வெயிலில் தைப்பதால் அந்தத் தண்ணீரை அவளே குடிக்க முடியவில்லை. வெயில் எல்லாருக்கும் பொது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ரெண்டு மணி இருக்கும். முடித்த பீஸ்களை மூட்டை கட்ட ரேவதி எழுந்தாள். பாதி எழும்போதே கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. சுவரைப் பிடித்தவள் அப்படியே சரிந்தாள். சரிகிறபோது அவள் செய்ததை என் கண்ணால் பார்த்தேன்: கையிலிருந்த வெள்ளை அப்பரை, தன்மேல் படாமல், பாயின் அந்தக் கோடிக்கு வீசினாள். அப்புறம்தான் விழுந்தாள்.

ரேவதி, பர்வீன் அக்காவின் மடியில் தலையை வைத்துக்கொண்டு, எங்களுக்குக் கேட்கக்கூடாது என்பதுபோல மெதுவாகச் சொன்னாள்: "காலைலருந்து புள்ள அசையலக்கா."

அன்புவுக்குக் கேட்டுவிட்டது.

ஏழு கிலோமீட்டரைப் பன்னிரண்டு நிமிடத்தில் ஓட்டினார். பின் சீட்டில் நானும் பர்வீன் அக்காவும் அவளை நடுவில் பிடித்துக்கொண்டோம். அவள் கை அனலாய்க் கொதித்தது, ஆனால் வேர்வை ஒரு பொட்டு இல்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள் புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளின மடிப்பு அப்படியே நின்றது. "தண்ணி குடிச்சியா இல்லியா?" என்றார். ரேவதி என்னைப் பார்த்தாள். "குடிக்கல, காலைலருந்து" என்று நான்தான் சொன்னேன்.

ஒரு கையில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். வயிற்றில் கருவியை வைத்துத் துடிப்பைத் தேடினார் நர்ஸ். இடப்பக்கம் ஒன்றுமில்லை, கரகரவென்று சத்தம் மட்டும். கீழே நகர்த்தினார், ஒன்றுமில்லை. பர்வீன் அக்கா "யா அல்லா, யா அல்லா" என்று என் முழங்கையைப் பிடித்துக் கசக்கினார். எனக்குக் கடவுள் பேரே வாயில் வரவில்லை. வலப்பக்கம் போனபோது, மாவு மில் ஓடுகிற மாதிரி, தடதடவென்று கேட்டது. "இருக்கு, இருக்கு" என்றார் நர்ஸ். இரண்டாவது பாட்டில் ஏறும்போது ரேவதி தன் வயிற்றைத் தொட்டு, "உதைக்குது" என்றாள்.

வெளியே அன்பு அந்த இரண்டு லிட்டர் பாட்டிலைக் கையில் பிடித்தபடி நின்றார். "ஒட்டகம்னு சொன்னேனேக்கா" என்றார். பேசின அறுநூறையும் வாங்க மறுத்துவிட்டார். ரேவதியின் தலையணைக்கடியில் வைத்துவிட்டு வந்தேன். சாயங்கால வண்டியில் சென்னை திரும்பும்போது ஒரு லிட்டர் பாட்டில் மடியில் இருந்தது. ராணிப்பேட்டை பக்கம் தாண்டியும் மூடியைத் திறக்கத் தோன்றவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. மே, ஜூனில் போகாதீர்கள். மார்கழி, தை நன்றாக இருக்கும். ஷூ வாங்குகிறவர்கள் சாக்ஸ் எடுத்துப் போங்கள், அளவு பார்க்க வசதி. யார் வீட்டிலாவது தண்ணீர் கொடுத்தால் நன்றாகக் குடியுங்கள், கொடுத்தவள் குடித்தாளா என்றும் கேளுங்கள். அந்த மூன்று புள்ளிகளோடு ஒன்றரை மாதமாக நான் நடக்கிறேன். பஸ்ஸில், கல்யாண வீட்டில், ஆபீஸில், ஒரு ஆள் அதைக் கவனித்துக் கேட்டதில்லை. இதற்காகத்தான் ஒருத்தி ஏழு மாத வயிற்றோடு நாக்கு வறண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அன்பு போன் செய்து ரேவதியிடம் கொடுத்தார். பெண் குழந்தை பிறக்கும் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்களாம். குரல் தெளிவாக இருந்தது.

"தண்ணி குடிக்கிறியா?" என்றேன், எடுத்த எடுப்பில்.

"நல்லா குடிக்கிறேன்க்கா. வெள்ளையே வேணாம்னு ஏஜென்ட்டாண்ட சொல்லிட்டேன். கறுப்பு பீஸ் மட்டும்தான் வாங்குறேன். காசு கம்மி, கண்ணு நோவுது, ஆனா சொட்டுனா தெரியாதில்ல?"

அப்பாடா என்றிருந்தது. உன் பங்கு வெள்ளையை அந்த ஏஜென்ட் என்ன செய்தார் என்று சும்மாதான் கேட்டேன்.

"அத பர்வீன் அக்கா எடுத்துக்கிச்சுக்கா."