சக்கரத்தடியில் நான்கு கடுகு

சிங்காரம் இறந்த செய்தி வீட்டுக்கு வந்தபோது நான் டீ வடிகட்டியைப் பற்றிக் கேட்டேன். அதை நினைத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது; என் மேல் கொஞ்சம், அவன் மேல் நிறைய. எங்கள் வடிகட்டியின் கம்பிவலை அவன் கையில் ஒரு பொம்மை ஜீப்பின் முகப்பாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் புதிது வாங்கிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தான். அன்று கதவைத் தட்டியது அவன் மனைவியின் தம்பி தனபால். "வடிகட்டியக் குடுத்து அனுப்பிட்டானா? நேர்ல வர வெக்கமாக்கும்?" என்றேன். தனபால் செருப்பைக் கூடக் கழற்றவில்லை. "அண்ணே, மச்சான் போயிட்டாரு. காலையில நெஞ்சு வலிக்குதுன்னாரு. டாக்சி புடிக்கக்கூட நேரம் குடுக்கலண்ணே" என்றார்.

இறந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. எனக்கு அது வராது. உயிரோடு இருந்தவரை 'அவன்'. இப்போது திடீரென்று மரியாதை கொடுத்தால் எங்கிருந்தாவது சிரிப்பான். அவன் மனைவி ருக்குமணி மன்னிக்க வேண்டும்.

இதைப் படிக்கிறவர்களில் பலருக்கு அவன் 'மீட்டர் சிங்காரம்'. பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு, ரேஸ் கோர்ஸ் ரோடு என்று தேக்கா வட்டாரம் முழுக்க வீடு வீடாக ஏறி மின்சார மீட்டர் பார்ப்பது அவன் வேலை. மீட்டரைப் பார்க்க ஒரு நிமிடம் என்றால் அடுப்படியைப் பார்க்கப் பத்து நிமிடம். "அக்கா, இந்தப் பல்பசைக் குழாய் தீந்துருச்சா? வீசிடாதீங்க லா, எனக்கு வேணும்" என்பான். தீராத குழாயையும் பிதுக்கித் தீர்த்துக் கொடுத்த அக்காமார்களை எனக்குத் தெரியும். பற்கள் போன சீப்பு, ஊதுபத்திக் குச்சி, சோடா மூடிக்குள் இருக்கும் தக்கை, சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் என்று உங்கள் வீட்டிலிருந்தும் ஏதாவது போயிருக்கும். அவையெல்லாம் எங்கே போயின என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: வண்டிகளாகிப் போயின.

பிளாஸ்டிக்கில் வார்த்த சின்னச் சின்னத் துண்டுகளைப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள் அல்லவா, வீட்டில் ஒட்டி விமானமும் லாரியும் செய்துகொள்ள? அந்தப் பைத்தியம் எங்கள் இருவருக்கும் இருந்தது. ஆனால் நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். பெட்டியோடு வரும் தாளில் என்ன போட்டிருக்கிறதோ அதை வரிசை மாறாமல் செய்வேன். சிங்காரம் அந்தத் தாளைத்தான் முதலில் பசை துடைக்க எடுப்பான். "பெட்டிக்குள்ள இருக்கறது பாதி வண்டிதான்பா. மீதி அடுப்படியில கெடக்கு" என்பது அவன் வேதம்.

எங்கள் பழக்கமே சண்டையில்தான் ஆரம்பித்தது. அச்சகத்தின் மீட்டரைப் பார்க்க வந்தவன், என் மேசையில் நான் செய்து வைத்திருந்த போர் விமானத்தைக் கண்டான். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது ஒரு நாளாச்சும் பறந்த மாதிரித் தெரியலயே" என்றான். நான் உள்ளே போய்த் திரும்புவதற்குள் தீபம் ஏற்றும் மாடத்திலிருந்து கரியை விரலில் எடுத்து, இயந்திரத்திலிருந்து இறக்கை வரை புகை படிந்ததுபோல் இழுத்துவிட்டிருந்தான். ஒரு மாதமாக நான் வண்ணம் பூசியது! கரடியாகக் கத்தினேன். முதலாளி வந்து பார்த்துவிட்டு, இப்போதுதான் அசல் விமானம் போல இருக்கிறது என்றார். அந்த ஒரு வார்த்தையால் சிங்காரம் அதற்குப் பிறகு என் பேச்சைக் கேட்கவே இல்லை.

வீட்டிலும் எனக்கு ஆதரவு கிடையாது. என் மனைவி கமலத்தை அவன் தங்கச்சி என்று கூப்பிட்டான். அவ்வளவுதான், அடுப்படி அவன் வசமாகிவிட்டது. ஒருமுறை நாங்கள் கல்யாணத்துக்குப் புறப்படும் நேரம். கமலத்தின் புது ரவிக்கையில் ஒரு கொக்கி கூட இல்லை. தைப்பதற்கு வாங்கி வைத்திருந்த கொக்கி அட்டை காலி. எல்லாம் சிங்காரத்தின் லாரிக் கதவுகளில் தாழ்ப்பாளாகியிருந்தன. கமலம் ஊசியால் குத்திக்கொண்டு கிளம்பினாள். "கேக்காம எடுக்கல, அண்ணன் எங்கிட்ட கேட்டுத்தான் எடுத்துச்சு. எனக்குத்தான் கல்யாணம் மறந்துபோச்சு" என்று அவனுக்கே பரிந்து பேசினாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

இதெல்லாம் சில்லறை. எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. அது அந்த வெங்காய லாரி.

நார்த் பிரிட்ஜ் ரோட்டில் நாங்கள் பெட்டி வாங்கும் பொம்மைக் கடையில் ஒரு வருடம் போட்டி வைத்தார்கள். வென்ற வண்டியைக் கடை முகப்பில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து, செய்தவர் பெயரை அட்டையில் அச்சடித்து மாட்டுவதாக அறிவித்தார்கள். ஊரில் உள்ளவர்கள் பெயரையெல்லாம் கல்யாணப் பத்திரிகையிலும் கருமாதிப் பத்திரிகையிலும் பிழை பார்த்துத் திருத்துகிறவன் நான். என் பெயரை அச்சில் பார்த்ததே இல்லை. சின்ன ஆசைதான், ஆனால் அந்த ஆசை எனக்கு இருந்தது. சிங்காரத்தோடு சேர்ந்தால்தான் வெல்ல முடியும் என்பதும் தெரிந்திருந்தது. அவனிடம் அதைச் சொல்லவில்லை.

இருவரும் சேர்ந்து ஒரு ராணுவ லாரிப் பெட்டி வாங்கினோம். பஃபலோ ரோட்டில் வெங்காயம் இறக்க வரும் லாரியாக அதை மாற்றுவது சிங்காரத்தின் யோசனை. நிஜ லாரியைக் குடையால் அளந்தான். பல்பசைக் குழாயை வெட்டித் தட்டிச் சேறுகாப்பான் செய்தான். ரவிக்கையின் அமுக்குப் பித்தான் முகவிளக்கு. என் பழைய வேட்டித் துண்டு டீத்தண்ணீரில் ஊறித் தார்ப்பாய் ஆனது. கைக்குட்டையில் ரவையைக் கட்டி மூட்டைகள். டயரில் காப்பிச் சக்கையால் சேறு. நான் உரசி, வண்ணம் பூசி, ஒவ்வொரு இடைவெளியையும் பிழை பார்த்தேன். முடிந்தபோது இருவரும் ஆளுக்கொரு பக்கம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். அப்படி இருந்தது அந்த லாரி. பரிசு எங்களுக்குத்தான் என்று அச்சகத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

போட்டியன்று காலை, மேசையில் லாரியை வைத்ததும் சிங்காரம் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரைச் சீசாவை எடுத்தான். உள்ளே மஞ்சள் வண்ணம் பூசிய நான்கு கடுகு. ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் ஒன்றாக வைத்தான். எனக்குப் புரியவில்லை. "எலுமிச்சம்பழம். பூசை போட்டு எடுக்கற வண்டிக்கு வைப்போம்ல?" என்றான். "நகராத வண்டிக்கு எதுக்குடா எலுமிச்சம்பழம்? வச்சுத்தான் தீரணும்னா டயருக்கு முன்னாடியாவது வையேன்!" என்றேன். "முன்னாடி வச்சா உருண்டு போயிரும். அடியில வச்சாத்தான் நசுங்கும்" என்றான். பிறகு, ஏதோ எனக்குத் தெரியாததைச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னான்: "எலுமிச்சம்பழம் போறதுக்கு இல்ல நடேசா. திரும்பி வர்றதுக்கு."

நடுவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசினார். எங்கள் லாரியின் முன் நெடுநேரம் குனிந்திருந்தார். பல்பசைக் குழாய்ச் சேறுகாப்பானைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். கடைசியில் ஒரு துண்டுக் காகிதத்தைச் சக்கரத்துக்கு அடியில் தள்ளினார். நான்கு சக்கரமும் தரையில் படிகிறதா என்று அப்படித்தான் பார்ப்பார்கள். காகிதம் தாராளமாக அந்தப் பக்கம் போயிற்று. அவர் முகம் வாடியது. நல்ல மனிதர், இந்த மஞ்சள் உருண்டைகளை எடுத்துவிடுங்கள், மறுபடி பார்க்கிறேன் என்றார்.

எடுத்துவிட வேண்டியதுதானே? ஊதினால் பறந்துவிடும் நான்கு கடுகு! சிங்காரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "கெளம்பி நிக்கற வண்டியில எலுமிச்சம்பழத்தை எடுக்கறதா? நான் மாட்டேன்" என்றான். நான் கையை நீட்டினேன். அத்தனை பேர் முன்னால் என் புறங்கையில் பட்டென்று ஒன்று வைத்தான். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்கள். அன்று நான் அதை நேரில் கண்டேன். நடுவர் வருத்தத்தோடு அடுத்த மேசைக்குப் போனார். பெட்டியில் இருந்தபடியே ஒட்டிய ஒரு டாங்கி வென்றது. அதில் கரி இல்லை, சேறு இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

அவனோடு இனிப் பேச்சே இல்லை என்று முடிவு செய்தேன். அடுத்த வாரம் மீட்டர் பார்க்கும் சாக்கில் லாரியோடு வந்தான். "ஒன் வீட்டுலயே நிக்கட்டும். எங்க வீட்டுல புள்ளைங்க ஓட்டிருங்க" என்று அலமாரி மேல் நிறுத்தி, மறுபடியும் கடுகு வைத்தான். அதற்குப் பிறகு வரும்போதெல்லாம் குனிந்து பார்ப்பான். எறும்போ காற்றோ ஒன்றைக் கொண்டுபோயிருந்தால், "தங்கச்சி, ஒரு கடுகு குடு" என்று அடுப்படிக்குப் போவான். தோற்ற கதையை நான் ஆயிரம் முறை சொல்லிக் காட்டியிருப்பேன். ஒரே பதில்தான் வைத்திருந்தான். "இன்னும் கெளம்பவே இல்ல. அதுக்குள்ள எப்படிப்பா தோக்கும்?" பிடித்த முயலுக்கு மூன்றே கால். இப்படி ஒருவனோடு எப்படி வாதாடுவது?

இறுதி ஊர்வலத்துக்கு வந்த லாரி அவன் வீட்டு வாசலில் நின்றது. பிடாடரி இடுகாட்டுக்குப் புறப்பட வேண்டும். நான் சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டுநர் நம்மவர்தான். "தம்பி, எலுமிச்சம்பழம் வைக்கலியா?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இந்த வண்டிக்கு வைக்கறதில்லண்ணே" என்றார். எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் கோபம் வந்தது. நான் வாங்கிக்கொண்டு போயிருந்த ஒரு பழமும் கையுமாக, நாலு பேர் பார்க்க, நடுத்தெருவில் என்னை நிறுத்திவிட்டான் சிங்காரம். லாரி போய்விட்டுத் திரும்பி வந்தது. அவன் வரவில்லை. எனக்குத் தாங்கவில்லை, ஓரமாகப் போய் அழுதேன்.

வீட்டில் இன்னும் வேட்டித் துணியில்தான் டீ வடிகட்டுகிறோம். புது வடிகட்டி வாங்கக் கமலம் விடவில்லை. அண்ணன் வாங்கிட்டு வரேன்னு சொல்லியிருக்கு என்கிறாள். நான் துணியைப் பிழிகிறேன். சிங்காரம், நடேசன் என்று எங்கள் இருவர் பெயரும் சேர்ந்து அச்சில் வருவது இந்தக் கட்டுரையில்தான். இப்படி வரவேண்டும் என்றா கேட்டேன்?

அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த வெங்காய லாரி. நேற்று தூசி தட்டும்போது குனிந்து பார்த்தேன். பின்சக்கரம் ஒன்றின் அடியில் கடுகைக் காணோம். கமலத்திடம் கையை நீட்டினேன்; எதற்கென்று அவள் கேட்கவில்லை. ஒரு கடுகுக்கு மஞ்சள் பூசுவது எவ்வளவு தொல்லை பிடித்த வேலை என்று நேற்றுத்தான் தெரிந்தது. விரலில் ஒட்டுகிறது, உருண்டு ஓடுகிறது, கண் மறைக்கிறது. திட்டிக்கொண்டே பூசினேன். காய்ந்ததும் சக்கரத்தைத் துளி தூக்கி, அடியில் வைத்தேன். நான்கும் இருக்கின்றன. வண்டி இன்னும் கிளம்பவில்லை.