மலையைச் சுற்றி வந்த ஆக்ஸில்

“…அதனால எதிர்ல மட்டும் போவ மாட்டேங்க. இன்னிக்கு பௌர்ணமி. இப்படியே நேரா போனா டவுனு மூணு கிலோமீட்டருதான், எனக்குத் தெரியாதா? ஆனா ஜனமெல்லாம் மலைய வலமா சுத்திகினு வர்றப்ப நான் மட்டும் இடமா நடக்கறதா? அடி அண்ணாமலை வழியா சுத்திப் போயி, டவுன்ல ஆக்ஸில வாங்கிகினு, அப்படியே இந்தப் பக்கமா வந்துடறேன்” என்று சொல்லி மெக்கானிக் தன் செருப்பைக் கழற்றி என் காருக்கு அடியில் தள்ளினார்.

நான் அங்கே கிடந்த பழைய டயரின்மேல் உட்கார்ந்துவிட்டேன். விடியற்காலை நாலு மணிக்குக் கர்நாடகத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தவன். கண் இரண்டும் மிளகாய்ப் பொடி பட்டதுபோல எரிந்தன. கோபப்படுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும்; அன்றைக்கு அதுவும் இல்லை.

“சுத்திப் போனா பதினாலு கிலோமீட்டராச்சேய்யா!”

“ஆமாங்க. சாயந்திரம் கடைய சாத்திட்டு எப்படியும் சுத்தத்தான் போறேன். இப்பவே போனா ஒரே நடையில ரெண்டும் முடியுது.”

“சரி, நான் போய் வாங்கிட்டு வரேன். எனக்கு எதிர்ல நடக்கறதுல ஒண்ணுமில்ல.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “இடதுபக்க ஆக்ஸில் எது, வலதுபக்கம் எதுன்னு சொல்லுவீங்களா? பல்லு எத்தினின்னு எண்ணிப் பாப்பீங்களா? மாத்திக் குடுத்துடுவான். அப்புறம் நாளைக்குக் காலைல வரைக்கும் நீங்களும் நானும் இங்கியே மூஞ்சிய பாத்துகினு இருக்கணும்.”

இருபத்தெட்டு வருடம் பஸ்ஸில் கண்டக்டராக ஓடினவன் நான். சக்கரத்துக்கு மேலே உட்கார்ந்துதான் பழக்கம், அடியில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்ததில்லை.

பின் சீட்டில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தார். கூடப் பிறந்தவர் இல்லை, பக்கத்து வீடு. எங்கள் ஊரில் எங்களைப் போலவே நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் பயிரிடுகிற சமணக் குடும்பங்கள் ஒரு தெரு நிறைய உண்டு. அக்கா அந்தத் தெருவின் முதல் வீடு, நான் அடுத்த தெருவின் கடைசி வீடு. நடுவில் ஒரு சுவர். வீட்டுக்காரர் போன பிறகு, கர்நாடகத்து மலைக்கோயிலை ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்று அக்கா மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்று, ஒரு பழைய காரை வாங்கித் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்த நான், “வாங்கக்கா, நான் கூட்டிட்டுப் போறேன்” என்று பெரிய மனுஷனாகச் சொன்னேன்.

பெரிய மனுஷன் செய்த காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒரு மாதமாகவே காரைத் திருப்பும்போதெல்லாம் முன் சக்கரத்தில் ‘கடக், கடக்’ என்று ஒரு சத்தம். எங்கள் ஊர் மெக்கானிக் குனிந்து பார்த்து, “ரப்பர் உறை கிழிஞ்சி கிரீஸ் எல்லாம் வெளிய போயிகினு இருக்கு சார், தூரம் எடுக்காதீங்க” என்றார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கிருஷ்ணகிரி தாண்டியபோது சத்தம் ஜாஸ்தியானது. பாட்டின் சத்தத்தை அதைவிட ஜாஸ்தியாக வைத்தேன். செங்கம் ரோட்டில், கிரிவலப் பாதை பிரிகிற இடத்தில், போலீஸ்காரர் கம்பித் தடுப்புப் போட்டு வண்டிகளை வெளிவட்டச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தேன். ‘டம்’ என்று ஒரு சத்தம். எஞ்சின் ஓடுகிறது, கியர் விழுகிறது, கார் மட்டும் நகரவில்லை. சக்கரத்தைச் சுழற்றுகிற ஆக்ஸில் போய்விட்டது.

“தேர மாதிரி நடு ரோட்ல நிறுத்திட்டியே பெரியவரே” என்று போலீஸ்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம் அவரே கிரிவலம் வந்த நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொன்னார். தள்ளினவர்கள் ‘அரோகரா’ சொல்லிக்கொண்டே தள்ளினார்கள். தடுப்புக்கு உள்ளே இருபது அடியில் இந்தப் பட்டறை இருந்தது ஒன்றுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த நல்லது.

ஆனால் என் கவலை கார் இல்லை, அக்கா.

அவர் மாதாமாதம் வளர்பிறைச் சதுர்த்தசி அன்று முழு உபவாசம் இருப்பவர். காய்ச்சி ஆறிய தண்ணீர் மட்டும்தான். மறுநாள், அதாவது பௌர்ணமி அன்று, உபவாசத்தை முடித்துச் சாப்பிட வேண்டும். அதிலும் இரண்டு கட்டு. வெளியிலிருந்து வந்த ஒருவருக்கு முதலில் தன் கையால் சாப்பிடக் கொடுக்க வேண்டும். அவர் சாப்பிட்ட பிறகுதான் அக்கா. அப்புறம், சூரியன் விழுந்துவிட்டால் சாப்பாடு கிடையாது, அன்றைக்கு அவ்வளவுதான். நாங்கள் பதினோரு மணிக்கு ஊர் போய்ச் சேருவதாகத் திட்டம். அவர்கள் கோயிலில் பூசை செய்கிற வாத்தியார் சாப்பிட வருவதாக ஏற்பாடு. வாத்தியார் வந்து காத்திருந்துவிட்டுப் போனதாகப் போன் வந்துவிட்டது. அக்கா கடைசியாகச் சாப்பிட்டது முந்தாநாள் சாயந்திரம். வயது அறுபத்தேழு. ஏற்கெனவே ரத்த அழுத்தம் கம்மி. இன்றைக்கும் சூரியன் விழுந்தால் இன்னும் ஒரு ராத்திரி வெறும் வயிறு. காரிலிருந்து இறங்கும்போதே ஒருதரம் கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். நான் பார்த்தேன், பார்க்காதவன் போல இருந்துவிட்டேன்.

அதனால்தான் மெக்கானிக்கிடம் கடைசியாக ஒரு தடவை கெஞ்சினேன். “அம்மா உபவாசம்யா. பொழுது சாயறதுக்குள்ள ஊருக்குப் போகணும்.”

“அம்மாவுக்கு மட்டுமா? நானும் விரதந்தான். காலைல இருந்து ஒரு டீ இல்ல. சுத்தி முடிச்சாதான் பச்சத் தண்ணியே.” கழன்று வந்த பழைய ஆக்ஸிலைச் சாக்கில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டார். போனைச் சார்ஜரிலேயே விட்டுவிட்டு, மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டு, கூட்டத்தில் கலந்தார். அப்போது மணி ஒன்றே முக்கால்.

“பாருங்கக்கா, என்ன மனுஷன்!” என்றேன்.

“ஏன் தம்பி, என் விரதத்துக்கு மட்டும் நீ நாலு மணிக்கு எழுந்து கார் ஓட்டற. அவரு விரதம் அவருக்கு இல்லையா?”

ஊருக்குப் போய்ச் சேர்வது நடக்காது என்பது அக்காவுக்குப் புரிந்துவிட்டது. துணிப்பையிலிருந்து எவர்சில்வர் டப்பாவை எடுத்தார். உள்ளே அவலும் வெல்லமும். காய்ச்சிய தண்ணீரைத் தெளித்துக் கிளறினார். “விருந்தாளி ஒருத்தர் கெடைச்சா இங்கியே முடிச்சிக்கலாம். கூப்பிடு.”

“நான் இருக்கேனேக்கா. நான் சாப்பிடறேன், குடுங்க.”

“நீ எப்படிடா விருந்தாளி? நீ வீட்டு ஆளு.”

பக்கத்து வீட்டுக்காரனை வீட்டு ஆள் என்று சொல்லக் கேட்பதற்கு எத்தனை நாள் ஆசைப்பட்டிருப்பேன்! சொல்ல வேண்டாத நேரத்தில் சொன்னார்.

ரோட்டில் ஆயிரம் பேர் போகிறார்கள், ஒருத்தரைப் பிடிக்க முடியாதா என்று தெம்பாக எழுந்தேன். பௌர்ணமி அன்று அந்த ஊரில் சாப்பாட்டை மறுக்கிறவர்களைத்தான் பார்க்கலாம் என்று எனக்கு அப்போது தெரியாது. பத்தடிக்கு ஒரு பந்தல். ஒன்றில் சாம்பார் சாதம், ஒன்றில் பொங்கல், ஒன்றில் லட்டு. கையில் திணித்து அனுப்புகிறார்கள். காவி வேட்டி கட்டிய ஒரு பெரியவரைக் கும்பிட்டு அழைத்து வந்தேன். அவர் டப்பாவைப் பார்த்ததும் தோள்பையைத் திறந்து காட்டினார். உள்ளே ஏழெட்டுப் பொட்டலம்.

“தாயே, இன்னிக்கு நாங்கெல்லாம் சோத்தப் பாத்தா ஓடி ஒளியற நாளு. நாளைக்கு வாங்க, நானே உங்களத் தேடிகினு வரேன்.”

அடுத்து ஒரு குடும்பம். அந்தம்மா, “ஐயோ, வயித்துல இடமில்லைங்க, பையனுக்கு வேற வாந்தி” என்று வேகமாக நகர்ந்தது. ஆசிரமப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கிற ஒரு வெள்ளைக்காரப் பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். டப்பாவை எட்டிப் பார்த்து, “இதில் சர்க்கரையா?” என்று தமிழிலேயே கேட்டாள். வெல்லம் என்றேன். நெஞ்சில் கை வைத்து, இனிப்பே தொடுவதில்லை என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனாள். ஒரு பூக்காரி மட்டும் நின்று, “பாவம், என்ன வேண்டுதலோ” என்று அக்காவிடம் ஒரு முழம் பூவைக் கொடுத்துவிட்டுப் போனாள். கொடுக்க உட்கார்ந்த இடத்தில் வாங்கும்படி ஆயிற்று.

மணி நாலரை. நான் மறுபடியும் டயரில் விழுந்தேன். அக்கா சீட்டில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். உதடு வெளுத்திருந்தது.

“அக்கா, கடவுள் கோவிச்சுக்க மாட்டாருக்கா. ரெண்டு வாய் போட்டுக்கோங்க.”

“கோவிச்சுக்கறதுக்கு யாரும் இல்ல தம்பி. நானா எடுத்துகிட்டது இது.” கண்ணைத் திறக்காமலே சொன்னார். நிமிர்ந்து டப்பாவை மூடினார். “இனிமே யாரையும் கூப்பிடாத. அந்த மெக்கானிக் வரட்டும். பசியோட வர்ற ஒரே ஆளு இந்த ஊர்ல அவர்தான்.”

எனக்கு அது தோன்றவே இல்லை. அவர் எதிர்ப்பக்கமாக நடந்து, ஒன்றரை மணி நேரத்தில் திரும்பியிருந்தால் விரதக்காரராகவே வந்திருப்பார். அவலைத் தொட்டிருக்க மாட்டார். சுற்றி வந்தால்தான் சாப்பிடுவார். ஆனால் எப்போது வருவார்? போன் இங்கே சார்ஜரில் கிடக்கிறது. டவுன் பக்கமிருந்து வரும் கூட்டத்தில் ஒவ்வொரு தோளாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு தோளில் குழந்தை, ஒரு தோளில் பை, ஒரு தோளில் ஈரத் துண்டு. ஆக்ஸில் மட்டும் வரவில்லை. ஐந்து ஆயிற்று, ஐந்தரை ஆயிற்று. மலைமேல் விழுந்த வெயில் அடியிலிருந்து ஏறி உச்சிக்குப் போய்க்கொண்டிருந்தது. சூரியன் செங்கம் பக்கம் ஒரு புளியமரத்தின் தலைக்கு இறங்கிவிட்டான்.

அப்போதுதான் அவர் வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பாதத்தில் தார் ஒட்டியிருந்தது. சாக்குப் பொட்டலத்தில் இப்போது புது ஆக்ஸில்; அது இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாறியிருந்தது. எங்களைப் பார்க்காமல் நேராகக் காரிடம் போய், தான் செருப்பை விட்ட இடத்தில் நின்று, மலையைக் கும்பிட்டார். அப்புறம்தான் வாயைத் திறந்தார்.

“அடி அண்ணாமலை கிட்ட ஒரு அம்மா அந்தப் பழைய ஆக்ஸில தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிச்சுங்க. ஏதோ வேண்டுதல் தூக்கிகினு போறேன்னு நெனச்சிடுச்சு. பின்னாடியே பத்து பேரு. கிரீஸ் எல்லாம் அவங்க நெத்தியில போயிடுச்சு.”

சொல்லிக்கொண்டே கீழே படுத்துக் காருக்கு அடியில் நகர ஆரம்பித்தார். “ஒரு மணி நேரத்துல மாட்டிடறேன். அம்மா ஊருக்குப் போகணுமில்ல.”

“ஐயா, மொதல்ல சாப்பிடுங்க” என்றார் அக்கா.

“வேலைய முடிச்சிட்டும்மா. வேல பாதியில கெடந்தா எனக்கு எறங்காது.”

நான் அவர் காலைப் பிடித்து வெளியே இழுத்தேன். நிஜமாகவே இழுத்தேன். “நீ சாப்பிட்டாத்தான்யா அவங்க சாப்பிடலாம்! சூரியன் விழுந்தா அவங்களுக்கு இன்னொரு ராத்திரி பட்டினி!”

அவர் தரையில் படுத்தபடியே சூரியனைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், என்னை முறைத்தார். “இத அப்பவே சொல்றதுக்கு என்னங்க?”

“சொன்னேனே!”

“உபவாசம்னு சொன்னீங்க. சாப்பிட ஆள் வேணும்னு எங்க சொன்னீங்க?”

சோப்புத் தூளைப் போட்டு முழங்கை வரைக்கும் கையைக் கழுவினார். நான் உட்கார்ந்திருந்த டயரில் வந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார். அக்கா எழுந்து நின்று, கார் கதவில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு, அவலை அள்ளி அந்தக் கையில் வைத்தார். மெக்கானிக் அத்தனையையும் ஒரே வாயாகப் போட்டுக்கொண்டார். கன்னம் இரண்டும் உப்பின. மென்றார். புளியமரத்துக்குக் கீழே சிவப்பாக ஒரு விளிம்பு மட்டும் மிச்சம் இருந்தது. நான் அதையும் அவர் தாடையையும் மாறி மாறிப் பார்த்தேன். அக்கா தன் பங்கைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, வாய்க்குக் கொண்டுபோகாமல் நின்றார்.

“முழுங்கிட்டீங்களா ஐயா?”

மெக்கானிக்கின் தொண்டை ஒருதரம் ஏறி இறங்கியது. டாக்டரிடம் காட்டுகிறவர் போலத் தலையைத் தூக்கி, வாயை அகலமாகத் திறந்து, நாக்கை நீட்டிக் காட்டினார்.