எனக்குத் திமிர் என்று சொன்னார்கள்

பதினொரு வயதில் எனக்கு விழுந்த பெரிய அடி, கண்டாக்கையாவைக் கண்டும் ஒதுங்கி நிற்காததற்காக விழுந்தது. தேயிலைத் தோட்டத்துத் துரைக்கு அடுத்தபடியாக மலைகளில் எங்களை வேலை வாங்குகிறவர் அவர். அவர் வருவது தெரிந்தால் பாதையை விட்டு இறங்கி, கைகட்டி நின்று, "சலாங்க ஐயா" என்று சொல்ல வேண்டும். நான் அன்று அம்மாவுக்குத் தேத்தண்ணிப் போத்தலைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். எதிரே யாரோ வருவது மட்டும் தெரிந்தது. என்பாட்டில் நடந்தேன். பக்கத்தில் வந்து கடந்த பிறகுதான் காக்கிக் காற்சட்டையும் தொப்பியும் என் கண்ணில் பட்டன.

மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பெயர் கொடுக்க எல்லோரும் கூடி நிற்கும்போது, அவர் அப்பாவைப் பார்த்து, "ஒன் மக என்ன பெரிய மகாராணியா?" என்று கேட்டுவிட்டார். பின்னேரம் செடி வெட்டும் கவ்வாத்து மலையிலிருந்து திரும்பியதும் அப்பா, அடுப்புக்குக் கட்டிக்கொண்டு வந்த மிலாற்று விறகிலிருந்து ஒரு குச்சியை உருவினார். வெட்டிய தேயிலைக் குச்சி ஒடியாது.

"ஏண்டி, பெரியவங்களக் கண்டா மரியாத இல்ல?"

"எனக்குத் தெரியலப்பா."

"தெரியலயா? அவ்வளவு பெரிய ஆளு வாராரு, தெரியலயா? திமிரு!"

நான் சொன்ன தெரியல வேறு, அவர் காதில் விழுந்த தெரியல வேறு. அதை விளக்கிச் சொல்ல எனக்கே அப்போது தெரியாது. எல்லோருக்கும் உலகம் அப்படித்தான் தெரிகிறது என்று நினைத்திருந்தேன். பத்தடிக்கு அப்பால் எல்லாம் பச்சையாகவும் சாம்பலாகவும் கரைந்து கிடக்கும். பனி மூடுகிற ஊரில் பிறந்தவள், அதையும் பனி என்றே எண்ணிக்கொண்டேன்.

அப்பாவும் அம்மாவும் திருச்சிராப்பள்ளிக்கு வடக்கே ஒரு ஊரிலிருந்து, கல்யாணமான புதிதில் தலவாக்கலைக்குப் பக்கத்துத் தோட்டத்துக்கு வந்தவர்கள். நானும் தம்பியும் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவர்கள். அந்த ஊரைக் கண்டதில்லை. வீட்டில் எந்த வழக்கு வந்தாலும் "நம்ம ஊர்ல" என்று ஒரு வார்த்தை வரும், அத்தோடு தீர்ப்பு முடிந்துவிடும். நம்ம ஊர்ல பொம்பளப் புள்ள சத்தமாச் சிரிக்காது. நம்ம ஊர்ல அப்பன் பேசும்போது புள்ள குறுக்க பேசாது. போய்ப் பார்த்துவிட்டு வந்து, அப்படி இல்லையே என்று சொல்ல எங்களால் முடியாது.

இருவரும் தாங்கள் செய்தது தப்பு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. கறியில் உப்பு கூடிவிட்டால் அம்மா, "ஒன் நாக்கு செத்துப்போச்சு" என்பார். ஒருமுறை நானுஓயாவில் ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டு, அப்பா எங்களை எதிர்ப்பக்கம் போகிற ரயிலில் ஏற்றிவிட்டார். அட்டன் தாண்டி, றொசல்ல வந்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது. இறங்கினோம். "இங்க ஒரு ஆளப் பாக்க வேண்டியிருக்கு" என்று சொல்லி, எங்களை ஸ்டேஷன் வாங்கில் உட்காரவைத்துவிட்டு, கொஞ்ச தூரம் போய் ஒரு மரத்தடியில் நின்றார். ஒருவரையும் பார்க்கவில்லை. அடுத்த ரயில் வந்ததும் திரும்பி வந்து, "ஆளு இல்ல" என்றார். அம்மா எங்களைப் பார்த்து, "அப்பாவுக்கு ஆயிரம் சோலி இருக்கும்" என்றார். கல்யாணச் சாப்பாடு போயிற்று.

இந்த நாட்டுப் பிரஜாவுரிமைக்கு மனுப் போடச் சொல்லி லயத்துக்கு ஆட்கள் வந்தபோதும் அப்பா, "நாங்க ஊருக்குப் போறவங்க, எங்களுக்கெதுக்கு?" என்று அனுப்பிவிட்டார். பிறகு, போட்டவர்களின் மனுக்களும் தள்ளப்பட்ட செய்தி வர வர, "பாத்தியா?" என்றார். நாங்கள் எந்த ஊருக்கும் போகவில்லை என்பதைப் பற்றி அவர் பேசவில்லை.

நாங்கள் வேதக்காரர்கள், கத்தோலிக்கர். உறுதிபூசுதல் சடங்குக்கு ஆயத்தப்படுத்த, பன்னிரண்டாம் வயதில் என்னைச் சனிக்கிழமைகளில் டவுனில் இருந்த கன்னியர் மடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே பாடம் சொல்லித்தந்த சிஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். பலகையில் மன்றாட்டை எழுதி, ஒவ்வொருவராக எழுந்து வாசிக்கச் சொன்னார். என் முறை வந்ததும் நான் எழுந்து, பலகைக்குப் பக்கத்தில் போய், மூக்கு முட்டுகிற மாதிரி நின்று வாசித்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். சிஸ்டர் சிரிக்கவில்லை.

"பிள்ளை, உனக்கு அங்க இருந்து தெரியேல்லையோ?"

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. இல்லை என்று தலையாட்டினேன்.

வகுப்பு முடிந்ததும் அவர் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். அதற்குள் பழைய மூக்குக் கண்ணாடிகள். செத்துப்போனவர்களுடையது, மாற்றிக்கொண்டவர்கள் விட்டுப்போனது, எல்லாம் கலந்து கிடந்தன. ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தேன். சிலதில் தலை சுற்றியது. எட்டாவதோ ஒன்பதாவதோ, யாரோ ஒரு ஆம்பிளையின் கறுப்புக் கண்ணாடி. ஒரு காதுக்கம்பி உடைந்து நூலால் கட்டியிருந்தது. அதை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

எதிர் மலையில் தேயிலைச் செடிகள் தனித்தனியாக நின்றன. அவற்றுக்கு நடுவே ஆட்கள். கூடைக்குக் கூடை, தலைக்குத் தலை வேறாகத் தெரிந்தது. பிறகு எனக்கு வந்தது சந்தோஷம் அல்ல. முதுகில் விழுந்த அடிகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. கொல்லையில் மேய்ந்த கோழியைப் பிடிக்கத் தெரியாத சோம்பேறி, மாமாவைப் பார்த்தும் பார்க்காத மாதிரிப் போன திமிர் பிடித்தவள், கண்டாக்கையாவை மதிக்காத மகாராணி. இவ்வளவுக்கும் காரணம் இரண்டு கண்ணாடித் துண்டு இல்லாததுதான்.

வீட்டு வாசலில் அம்மா என்னைக் கண்டதும் நெஞ்சில் கை வைத்தார். "ஐயையோ, இது என்னாடி கோலம்? ஒன்ன எவன் கட்டுவான்?"

அப்பா கேட்டது ஒன்றுதான். "நம்ம ஊர்ல கண்ணாடி போட்ட பொம்பளப் புள்ளய எவனாச்சும் பாத்திருக்கானா? கழட்டு." அவரே கழற்றித் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். "ஒனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

மறுநாள் விடிந்ததும் அம்மா, பீலியில் தண்ணீர் பிடித்துவரச் சொல்லிக் குடத்தைக் கொடுத்தார். நான் குடத்தைக் கீழே வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தேன்.

"கண்ணாடியத் தந்தா போறேன்."

"இம்புட்டு நாளா எப்படிப் போன?"

"விழுந்து விழுந்து போனேன்."

அன்று அடி விழுந்தது. நான் எழுந்திருக்கவில்லை. அழவும் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அடுத்த நாளும் அப்படியே. மலைக்குச் சாப்பாடு போகவில்லை, தண்ணீர் வரவில்லை, கைக்குழந்தையாக இருந்த தம்பியைப் பிள்ளைக்காம்பராவில் கொண்டுபோய் விட ஆளில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். மூன்றாம் நாள் காலை அப்பா பெரட்டுக்குப் போன பிறகு, அம்மா பெட்டியைத் திறந்து கண்ணாடியை என் மடியில் போட்டார். "பள்ளிக்கூடத்துக்கு மட்டும் போடு" என்றார். நான் காலையில் மாட்டினால் படுக்கும்போதுதான் கழற்றினேன். அப்பா பார்த்தார், கழற்றச் சொல்லவில்லை. வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

ஒரு மாதம் போயிருக்கும். பூசைக்கு வந்த இடத்தில் அப்பா நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "புள்ளைக்குப் பார்வ கொஞ்சம் மட்டுன்னு நான்தான் மொதல்ல கண்டுபுடிச்சேன். ஒடனே மடத்துக்கு அனுப்பிச்சு வச்சேன்."

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "அப்பா, கண்டாக்கையாவுக்காக என்னைய அடிச்சீங்களே. அது தப்புத்தானே?"

அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அன்னைக்கு அடிச்சதுனாலதான இன்னைக்குக் கண்ணாடி போட்டிருக்க?"

அந்தப் பதிலை எந்தப் பக்கம் பிடித்தும் தூக்க முடியவில்லை. ஆனால் ஒரு நாள் தப்பு என்று அவர் வாயாலேயே சொல்லவைப்பேன் என்று எனக்குள் உறுதி செய்துகொண்டேன். அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் அந்த உறுதிதான் என்னை நடத்தியது. அஞ்சாம் வகுப்போடு கொழுந்தெடுக்கப் போ என்றார்கள். மாட்டேன் என்று டவுன் பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். அதற்கும் அடி, அதற்கும் வாசற்படி. கடைசியில் எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலேயே சின்ன வகுப்புகளுக்கு உதவி டீச்சராகச் சேர்ந்தேன். "நான்தான் படிக்க வச்சேன்" என்று அப்பா சொன்னார்.

அப்போது தம்பிக்கு எட்டு வயது. என் வகுப்பிலேயே இருந்தான். சிலேட்டைக் கன்னத்தில் ஒட்டுகிற மாதிரி வைத்து எழுதினான். வீட்டில் அவனுக்கு மக்கு என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டுவோம் என்றேன்.

"ஒரு வீட்டுல ரெண்டு பேருக்கு வருமா?" என்றார் அப்பா. "ஒன்னயப் பாத்துட்டு நடிக்கிறான்."

அம்மாவும் அதையே சொன்னார். பன்னிரண்டு வயதில் நான் வாசற்படியில் உட்கார்ந்தேன். பத்தொன்பது வயதில் உட்கார வேண்டியதில்லை என்று தோன்றியது. லீவு எடுத்துக்கொண்டு, காலையில் தம்பிக்குச் சட்டை போட்டுவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டேன். அப்பா வாசலை மறித்து நின்றார்.

"எங்க போற?"

"நுவரெலியாவுக்கு. இவன் கண்ணக் காட்டப் போறேன்."

"நான் போகச் சொல்லல."

"ஆமாப்பா. நீங்க சொல்லல. நானாத்தான் போறேன். வழி விடுங்க."

அவர் கையை ஓங்கினார். நான் தம்பியை என் பின்னால் இழுத்துக்கொண்டு அப்படியே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவர் ஒரு பக்கமாக நகர்ந்தார். நாங்கள் இறங்கிப் போய் பஸ் ஏறினோம்.

ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் சிங்களவர். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவர் தம்பியின் கண்ணைப் பார்த்தார், என் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார், இது உனக்குப் பொருந்தாத கண்ணாடி என்று அவனோடு எனக்கும் புதுக் கண்ணாடிக்கு ஒரு துண்டு எழுதித் தந்தார். பிறகு கேட்டார், "அப்பா அம்மாவுக்குப் பார்வை எப்படி?"

"நல்லாத் தெரியும்" என்றேன்.

"ரெண்டு பிள்ளைக்கும் இப்படி இருந்தா, அவங்களையும் ஒருக்காப் பாக்கணும்" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில், நானுஓயா தாண்டும்போது, ஒன்று நினைவுக்கு வந்தது. கண்ணாடி கிடைத்த புதிதில் ஒரு நாள், அப்பா எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார். பாதை வளைவில் ஒரு மாடு கட்டியிருந்தது. அவர் தூரத்திலேயே நின்று, தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்து, பாதையை விட்டு இறங்கி, "சலாங்க" என்றார். அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஏதோ யோசனையில் போகிறார் என்று விட்டுவிட்டேன். பஸ்ஸில் சிரிப்பு வரவில்லை. தெரிந்தவர் தெரியாதவர் என்றில்லாமல், அசைகிற எதைக் கண்டாலும் அவர் பாதையை விட்டு இறங்குவார். இருபது வருஷத்துக்கு மேலாக அப்படித்தான் அவர் அடி வாங்காமல் தப்பித்திருக்கிறார். அந்த வித்தையை நான் கற்றுக்கொள்ளவில்லை என்றுதான் என்னை அடித்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "அப்பா, ஒங்களுக்கும் கண்ணப் பாக்கணுமாம்."

"எனக்கா? எனக்கு என்ன கேடு? எல்லாம் நல்லாத்தான் தெரியுது."

வாசலில் நின்றால் தேயிலை ஸ்டோர் தெரியும். அதன் பக்கத்தில் கணக்கப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். "அங்க நிக்கிறது யாருன்னு சொல்லுங்க பாப்போம்" என்றேன்.

அப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"யாரா இருந்தா என்ன? ஒரு சலாம் போட்டாப் போச்சு" என்றார். உள்ளே போய்விட்டார்.

அவர் கடைசிவரை கண்ணாடி போடவில்லை, தப்பு என்று சொல்லவும் இல்லை. சொல்லவைப்பேன் என்ற பிடிவாதத்தை அந்த வாசலிலேயே விட்டேன். அவர் அடித்தது சரியாகிவிட்டது என்பதால் அல்ல. அவர் சொல்லும்வரை காத்திருந்தால், என் காலம் முழுவதும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பதில் போய்விடும். தப்பு என்ற அந்த வார்த்தையை நானே சொல்லப் பழகுவது என்று முடிவு செய்தேன்.

அது நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. அதே வருஷம், வகுப்பில் ஒரு பிள்ளையை, பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதினாள் என்று வெயிலில் நிறுத்திவிட்டேன். பார்த்து எழுதியது மற்றவள் என்று பின்னேரம் சிலேட்டுகளை வைத்துப் பார்த்தபோது தெரிந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது. சொல்லாமலே விட்டாலும் யாரும் கேட்கப்போவதில்லை. நான் குடையை எடுத்துக்கொண்டு மேல் லயத்துக்கு ஏறினேன்.

பிள்ளையின் அப்பா பதறிப்போய் எழுந்து, துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். "வாங்க டீச்சரம்மா. இவ என்னா செஞ்சா?"

"ஒண்ணும் செய்யலங்க. நான்தான் தப்பாத் தண்டிச்சுட்டேன். அதச் சொல்லத்தான் வந்தேன்."

அவர் நம்பவில்லை. "நீங்க போயி அப்படிச் சொல்லலாமா? இவதான் ஏதாச்சும் பண்ணியிருப்பா" என்று சொல்லிக்கொண்டே உள்ளே திரும்பி, மகளை முறைத்தார். கதவிடுக்கில் அவள் முகம் தெரிந்தது. அடி விழப்போகிறது என்று எதிர்பார்க்கிற முகம். எனக்கு அது நன்றாகவே தெரிந்தது.

"இல்லங்க" என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். "அவ பண்ணல. தப்பு என்னோடது."

அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து நின்றாள்.