பின் பம்பர்

எங்கட பக்கத்துல பொஞ்சாதியை ஊட்டுக்காரி எண்டு சொல்லுவம். அது சும்மா பேச்சுக்கில்ல, ஊட்டு உறுதிப் பத்திரமும் அவள்ர பேருலதான் இருக்கும். கலியாணம் முடிச்சா ஆம்புளதான் பொம்புளட ஊட்ட போய் இருக்கிற. நானும் அப்படித்தான் ஏறாவூர்ல இந்த ஊட்டுக்கு வந்து சேந்தன். பொம்புளப் புள்ள பெத்தவனுக்கு வயசு போகக்குள்ள மருமகன் வருவான், பேரப்புள்ளைகள் ஓடித் திரியும், ஊடு நிரம்பும். எனக்கு அல்லாஹ் தந்தது ஒரே ஒரு ஆம்புளப் புள்ள. ஊட்டுக்காரி மவுத்தானதுக்குப் பொறகு அவனும் நானும்தான். அவனுக்கு ஓட்டமாவடியில பொண் சரிவந்த அண்டைக்கே எனக்கு விளங்கிட்டு, இனி இந்த ஊட்டுல நான் மட்டும்தான் எண்டு.

இதை யாருக்கிட்டச் சொல்ற? மகன்ட கலியாணத்துக்கு வாப்பா மூஞ்சை நீட்டிக்கிட்டுத் திரிஞ்சா ஊர் சிரிக்கும். ஒண்டே ஒண்டுக்கு மட்டும் ஆசைப்பட்டன். மாப்பிள்ளை என்ட கார்லதான் போகணும், நான்தான் ஓட்டணும். கொண்டு போய் விடுறதாவது என்ட கையால நடக்கட்டும்.

கார் பழைய ஜப்பான் கார். இஞ்சின் தங்கம். பெயின்டும் பரவாயில்ல. பம்பர், கண்ணாடிக் கூடு, கதவுல ஓடுற பட்டி, இதெல்லாம்தான் வில்லங்கம். கறுப்புப் பிளாஸ்டிக். வெயிலும் கடல் பக்கத்து உப்புக் காத்தும் சேந்து எல்லாத்தையும் வெளிறப் பண்ணிட்டு. மகன் ஒருக்காச் சுத்தி வந்து பாத்துட்டு, "கார் நரைச்சிட்டே வாப்பா. கூட்டாளிமார் புதுக் கார் ஒண்டு வாடகைக்குப் பேசுவம் எண்டு சொல்றானுகள்" எண்டான்.

"நரைச்சது காரா, நானா?" எண்டு கத்திட்டன். கத்தினது காருக்காக இல்ல எண்டு அவனுக்கும் தெரிஞ்சிருக்கும்.

உடனே தேங்கெண்ணைப் போத்தலை எடுத்தன். தலைமுடியில இருந்து கதவுப் பிணைச்சல் மட்டும் எங்கட ஆக்களுக்கு எல்லாத்துக்கும் அதுதானே மருந்து. பூசின கையோட பம்பர் கறுகறு எண்டு மின்னிச்சு. எனக்கெண்டாப் பெருமை தாங்கல்ல. அஸர் தொழுதுட்டு வந்து பாத்தா ரோட்டுத் தூசி முழுக்க அதுலதான் ஒட்டிக் கிடக்கு. பக்கத்து ஊட்டுப் பூனை வேற நிண்டு நக்குது. சீ, போ எண்டு கலைச்சிட்டுச் சவுக்காரம் போட்டுக் கழுவினன்.

மறுகா சப்பாத்துப் பொலிஷ். அது நல்லாத்தான் பிடிச்சிச்சு, மகன் கதவுல சாயும் மட்டும். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு வெளிக்கிட்டு நிண்டவன்ட வெள்ளை ஜுப்பாவுல ஒரு கையளவு கறுப்பு. "இது மாப்பிள்ளை உடுப்பா இருந்தா என்ன வாப்பா செய்ற?" எண்டு கேட்டுட்டு உள்ளுக்குப் போனான். அவன் கோவப்படல்ல. அதுதான் எனக்குக் கூட வலிச்சிச்சு. அண்டைக்குப் பின்னேரம் புதுக் கார் பேசுற கதை திரும்பவும் வந்திச்சு. நான் கேக்காத மாதிரி இருந்திட்டன்.

பொறகு போன்ல ஒரு வீடியோ கண்டன். வெளிறின பிளாஸ்டிக்குக்குச் சூட்டுக் காத்து அடிச்சா உள்ளுக்க இருக்கிற எண்ணெய் மேல வந்து பழைய நிறம் திரும்புமாம். போன் திருத்துற கடையில அந்தச் சூட்டுக் காத்து மெசின் ஒண்டு இருந்திச்சு. இரவல் வாங்கிக்கிட்டு வந்தன்.

பொலிஷ் போகும் மட்டும் தேச்சுக் கழுவி, நல்லாக் காயவிட்டு, முன் பம்பர்ல ஒரு மூலையில இருந்து பிடிச்சுக்கிட்டுப் போனன். சொன்னா நம்பமாட்டீங்க, காத்துப் பட்ட இடமெல்லாம் கறுப்பு எழும்பி வந்திச்சு. "இஞ்ச வந்து பாரு புள்ள!" எண்டு அடுப்படிப் பக்கம் கூப்பிட்டுட்டன். ஊட்டுக்காரி மவுத்தாகி இவ்வளவு காலத்துக்குப் பொறகும் வாய் அப்படித்தான் போகுது. கையில மெசினோட அப்படியே நிண்டன். நிண்ட நேரத்துல நம்பர் தகட்டுக்குப் பக்கத்துல பிளாஸ்டிக் பொங்கிட்டு. அந்தத் தழும்பு இன்னும் கிடக்கு.

முன் பம்பர் முடிஞ்சு, கண்ணாடிக் கூடு முடிஞ்சு, கதவுப் பட்டியும் முடியக்குள்ள கடைக்காரர் வந்துட்டார், மெசின் அவசரமாம். பின் பம்பர்தான் மிச்சம். மாப்பிள்ளைக் காரை முன்னால இருந்துதானே பாப்பாங்க, பின்னால யார் பாக்கப் போறா எண்டு விட்டுட்டன்.

மகன் வந்தான். சட்டைப் பையில இருந்த வெள்ளைக் கைலேஞ்சியை எடுத்துக் கதவுப் பட்டியில அழுத்தித் தேச்சான். லேஞ்சியை விரிச்சுப் பாத்தான், வெள்ளையாவே இருந்திச்சு. போனை எடுத்து, "கார் பேச வேணாண்டா, வாப்பாட கார் இரிக்கி" எண்டான். நான் கண்ணுல தூசி விழுந்த மாதிரி அங்கால போயிட்டன்.

கலியாணத்தண்டு மாப்பிள்ளை பின் சீட்டுலதான் இருக்கணும் எண்டு கூட்டாளிமார் சத்தம் போட்டானுகள். அவன் கேக்கல்ல, முன்னுக்கு என்ட பக்கத்துல ஏறி இருந்தான். ஓட்டமாவடிப் பாலத்துல மட்டும், "மெல்லப் போங்க வாப்பா" எண்டான். மெல்லத்தான் போய்க்கிட்டிருந்தன்.

பொண் ஊட்டுல அவனை மாலை போட்டு உள்ளுக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. நானும் சாப்பிட்டன், எல்லாரோடயும் சிரிச்சன், சம்பந்திட கையைப் பிடிச்சு "போய்ட்டு வாறன்" எண்டன். அவனுக்குத் தூரத்துல இருந்து கையைக் காட்டினன், ஆக்களுக்கு நடுவுல கண்டானோ என்னவோ. காரைத் திருப்பி எடுத்தன். பின் கண்ணாடியைப் பாக்கல்ல. பாத்தா என்னால ஓட்டேலாது.

பொறகு ஊடு ஊடாவா இருந்திச்சு? என்ட இருமல் எனக்கே திரும்பிக் கேக்கும். அண்டைக்கு எண்ணெய் நக்கின பூனைக்கு மீன் தலை போட்டு அதோட கதைக்கத் தொடங்கிட்டன். மகன் போன் எடுப்பான். "சாப்பிட்டீங்களா வாப்பா?" "ஓம்." வேற என்ன சொல்ற, தனிய இருக்க ஏலாமக் கிடக்கு எண்டா?

கொஞ்சக் கிழமை போய் ஒரு ஜும்மாவுக்குப் பொறகு மோட்டர் சைக்கிள்ள வந்து இறங்கினான். கையில ஒரு பை. ஊட்டுக்குள்ள ஏறாம நேரே காருக்குப் பின்னால போனான். பையில இருந்து வெளிய வந்தது சூட்டுக் காத்து மெசின்.

"என்னடா இது?"

"அண்டைக்கு நீங்க போகக்குள்ள வாசல்ல நிண்டு பாத்தன் வாப்பா. கார் மறையும் மட்டும் பாத்தன். பின் பம்பர் நரைச்சுக் கிடந்திச்சு."

"தள்ளிப் பிடிடா, பொங்கிடும்!" எண்டு கத்தினன். அவன் சிரிச்சான். ரெண்டு பேரும் குந்தி இருந்து, அவன் சூடு காட்ட நான் துடைக்க, பின் பம்பரைக் கறுப்பாக்கி முடிச்சம். தேத்தண்ணி ஊத்திக் குடுத்தன். குடிச்சிட்டுக் கோப்பையை அவனே கழுவி வச்சான்.

பொறகு நேரத்தைப் பாத்துட்டு, "ஊட்ட போகணும் வாப்பா, தேடுவாள்" எண்டான்.

இவ்வளவு காலமும் அவன் ஊடு எண்டு சொன்னது இந்த ஊட்டைத்தான்.

"ஓம் மகன், ஊட்ட போய்ட்டு வா" எண்டன். வாசலுக்கு வந்து, மோட்டர் சைக்கிள் மறையும் மட்டும் நிண்டு பாத்தன்.