ஐந்தே முக்காலுக்கு ஒரு கோடு

எங்கள் வீட்டில் எந்தப் பாத்திரமும் வைத்த இடத்தில் நின்றதில்லை. இரவில் சுவரோரமாகத் தள்ளி வைத்த டம்ளர்கள் காலையில் அலமாரியின் விளிம்புக்கு வந்து நிற்கும். வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் அம்மா அவற்றை ஒருமுறை உள்ளங்கையால் உள்ளே தள்ளிவிட்டுத்தான் போவாள். எல்லாவற்றுக்கும் காரணம், வாசலை ஒட்டி லாரிகள் அதிர ஓடிய சாலை.

அது நீளமான சாலைகூட இல்லை. மாமாவின் பைக்கில் ஏறி உட்கார்ந்தால் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒரு முனையில் பெங்களூர் போகும் பெரிய ரோடு, மறுமுனையில் உத்தனப்பள்ளிப் பக்கம் ராயக்கோட்டை ரோடு. இரண்டு பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஓடித் திரியும் குழந்தையைப் போன்றது எங்கள் சாலை. மாநில நெடுஞ்சாலை என்பதற்கு அடையாளமாகப் பச்சைத் தலை வைத்த கிலோமீட்டர் கற்கள் இருந்தன. அதில் ஒன்று எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. உட்கார முடியாத பிள்ளை என்று பள்ளியில் பெயர் வாங்கிய நான், அந்தக் கல்லின் மேல் மட்டும் உட்காருவேன். அங்கே உட்கார்ந்தால் எதிரே எதுவும் சும்மா இருக்காது.

அப்பா பெங்களூரில் டிரைவர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். அம்மா வண்டிகளுக்குள் போகும் ஒயர்களைக் கட்டுகிற கம்பெனியில் வேலை செய்தாள். காலையில் கம்பெனி பஸ் எங்கள் வாசலிலேயே வந்து ஏற்றிக்கொள்ளும். மாலையில் எதிர்ப்பக்கம் இறக்கிவிட்டுப் போகும். ஆக அம்மா ஒரு நாளைக்கு ஒருமுறை மட்டும் சாலையைக் கடக்க வேண்டும். நேரம் ஐந்தே முக்கால். நான் கல்லில் ஏறி உட்காருவது ஐந்தேகாலுக்கே.

பஸ் நிற்கும்போது அம்மா தெரியமாட்டாள். பஸ் நகர்ந்ததும் தெரிவாள். அடுத்த லாரி வந்ததும் மறைவாள். லாரி போனதும் மறுபடி தெரிவாள். ஒவ்வொரு முறை மறையும்போதும் நான் கல்லிலிருந்து இறங்கி ஏறுவேன். ஒரு வருடம் ஏப்ரல் மாதக் கடைசியில் ஒருநாள் பாதி ரோட்டில் அம்மாவின் செருப்பு கழன்றுகொண்டது. திரும்பி எடுக்கக் குனிந்தவள், எதிரில் வந்த லாரியின் ஹார்னைக் கேட்டுச் செருப்பை விட்டுவிட்டு ஓடிவந்தாள். மாமாவும் நானும் வாசலில் நின்றிருந்தோம்.

"செருப்புதானே போச்சு. காலு இருக்குதில்ல, விடு" என்று அம்மா சிரித்தாள். மாமா சிரிக்கவில்லை.

வெயிலில் தார் இளகியிருந்ததால் செருப்பு அப்படியே சாலையில் ஒட்டிக்கொண்டது. பிறகு அதன்மேல் போன வண்டிகள் அதை அப்பளம்போல ஆக்கிவிட்டன. கல்லில் உட்கார்ந்தால் அது கண்ணுக்கு நேராகத் தெரியும்.

மே மாத லீவில்தான் மாமாவுக்கு அந்த வேலை கிடைத்தது. அம்மாவின் தம்பியான அவர், கம்பெனியில் கான்ட்ராக்ட் முடிந்து அடுத்ததுக்காக எங்கள் வீட்டில் காத்திருந்தார். ஏழு நாளைக்குச் சாலையோரம் உட்கார்ந்து போகிற வண்டிகளை எண்ண வேண்டும், ரோட்டாபீஸிலிருந்து ஆள் கேட்கிறார்கள் என்று யாரோ சொல்ல, மாமா ஓடிப்போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார். பகல் ஆறிலிருந்து ஆறு வரை. பெரிய ரோட்டை நோக்கிப் போகிறவை மாமாவுக்கு, எங்கள் வாசல் பக்கம். உத்தனப்பள்ளியை நோக்கிப் போகிறவற்றை எண்ண எதிர்ப்பக்கம் ஓர் அக்கா உட்கார்ந்தாள். அஞ்செட்டி மலைப் பக்கம் நாட்றாம்பாளையத்துக்காரி, ஓசூரில் ஹாஸ்டலில் தங்கியிருந்தவள்.

"எங்கூர்ல நாளைக்கு மூணு பஸ்ஸு. எண்றதுக்கு விரலே போதும். இங்க என்னாண்ணா, மூச்சு உடறதுக்குள்ள முப்பது போவுது" என்று முதல் நாளே மாமாவிடம் சொன்னாள். அதன் பிறகு தலையைத் திருப்பாமல் எண்ணினாள். டீ வந்தால்கூட டம்ளரைப் பார்க்காமல்தான் குடிப்பாள்.

மாமாவின் அட்டையில் செருகியிருந்த தாள் என்னை முதல் பார்வையிலேயே பிடித்துக்கொண்டது. மணிக்கு ஒரு தாள். இடப்பக்கம் வரிசையாகப் பெயர்கள்: சைக்கிள், பைக், ஆட்டோ, கார், மினி பஸ், பஸ், டெம்போ, ஆறு சக்கர லாரி, பத்து சக்கர லாரி, அதற்கும் மேல், டிராக்டர், மாட்டுவண்டி, தள்ளுவண்டி. கடைசியில் மற்றவை. நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்தால் ஒரு கட்டு. உலகத்தில் ஓடுகிற எல்லாவற்றுக்கும் ஓர் இடம் உண்டு என்று யாரோ முன்பே யோசித்து வைத்திருந்தது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. மாம்பழக் கூடை ஏற்றிய டெம்போவும் டெம்போதான், மாடு ஏற்றிய டெம்போவும் டெம்போதான். ஜேசிபி வந்தபோது மட்டும் அது எந்த வரிசை என்று மாமாவும் நானும் சண்டை போட்டோம்.

"மாமா, நடந்து போறவங்களுக்கு எந்த வரிசை?"

"நடக்கிறவங்க வண்டியா பாப்பா?"

"இல்ல."

"அப்பறம்?"

எதற்காக இதை எண்ணுகிறார்கள் என்று கேட்டதற்கும் மாமாவிடம் பதில் இருந்தது. தெரியாது என்று சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை.

"எவ்ளோ வண்டி போவுதுன்னு தெரிஞ்சாத்தானே வேகத்தடை போடுவாங்க? அம்மா கடக்கிற எடத்துல ஒண்ணு போட்டுட்டா எல்லா லாரியும் முக்கிட்டுத்தான் ஏறி எறங்கணும். கோடு ஏற ஏற, தடை ஒசரும் பாப்பா."

அவ்வளவு போதும் எனக்கு. மாமா டீக்கும் போனுக்கும் எழுந்து போகும்போதெல்லாம் அட்டையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார். மூன்றாம் நாளிலிருந்து நான் கோடுகளைக் கூட்ட ஆரம்பித்தேன். கண்டபடி அல்ல. எனக்கு நானே விதிகள் வைத்துக்கொண்டேன். லாரிக்கு மட்டும்தான் கூட்டுவது, ஏனென்றால் அம்மாவை மறைப்பது லாரிதான். ஒரு லாரிக்கு ஒரு கோடு மட்டுமே கூட்டுவது. செருப்பின் மேல் ஏறிப் போகும் லாரிக்கு இரண்டு. ஐந்தே முக்காலுக்கு அம்மா கடக்கத் தொடங்கியதும், மற்றவை வரிசையில் அம்மாவுக்காக ஒன்று. அது பொய்க் கோடு இல்லை என்பதால் அதை மட்டும், அம்மா வந்து சேரும்வரை தலைநிமிராமல், அழுத்திப் போட்டேன்.

எதிர்ப்பக்கத்து அக்காவிடம் ஒரு குறை கண்டுபிடித்தது எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. அவ்வளவு கண்டிப்பாக எண்ணுகிறவள், தினமும் சரியாக அம்மா வரும் நேரத்துக்கு இடத்தைவிட்டு எழுந்து, அம்மாவோடு சேர்ந்து எங்கள் பக்கம் வந்தாள். அம்மா கொடுக்கும் ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்துவிட்டு ஓடினாள். அந்த இரண்டு நிமிடத்தில் போன வண்டிகளுக்கு யார் கோடு போடுவது? நான் அப்போது அம்மாவுக்கான கோட்டைப் போட்டுக்கொண்டு தாளில் குனிந்திருப்பேன். நிமிரும்போது அக்கா வாயைத் துடைத்துக்கொண்டு நிற்பாள்.

ஆறாம் நாள் காலையில் ரோட்டாபீஸ் சார் ஜீப்பில் வந்தார். பச்சைக் கல்லின் மேல் ஒரு பக்கம் மாமாவின் தாள்களையும் மறுபக்கம் அக்காவின் தாள்களையும் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ஏம்பா, பெரிய ரோட்டுக்குப் போற லாரியில பாதிகூடத் திரும்பி வரலியே. எல்லாம் அங்கயே குடும்பம் நடத்துதா?"

காலைத் தூக்கி வைத்து, இறக்கி வைத்து, கல்லுக்குப் பின்னால் போய் நின்றேன். கோடு கூட்டினால் வேலை போகும் என்பதும், போவது மாமாவின் வேலை என்பதும் அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

"அது ஒண்ணுமில்ல சார்" என்றார் மாமா. "லோடு ஏத்திட்டுப் போறப்ப இந்த வழி கிட்ட. எறக்கிட்டுக் காலியா வர்றப்ப ஓசூர் சுத்தி வருவாங்க. அந்தப் பக்கம் சாப்பாட்டுக் கடை நல்லாருக்கும்."

சார் மாமாவையே பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, சாப்பாட்டுக் கடையை மட்டும் விட்டுவிட்டு மற்றதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். புரட்டிக்கொண்டே வந்தவர் மறுபடி நின்றார்.

"இதென்ன, மற்றவையில டெய்லி ஒண்ணு? சாயந்திரம் தாள்ல மட்டும்?"

மாமா தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் சாலையில் ஒட்டியிருந்த செருப்பைப் பார்த்தேன்.

"தள்ளுவண்டி சார். மாங்கா விக்கிற அம்மா ஒண்ணு வரும்."

"தள்ளுவண்டிக்குத் தனியா வரிசை இருக்குதேப்பா. மாத்திப் போடு."

மாமா ரப்பரால் அழித்து, மூன்று நாளின் மூன்று அம்மாக்களையும் ஒரு வரிசை மேலே ஏற்றினார்.

ஜீப் போன பிறகு எனக்கு அடி விழும் என்று காத்திருந்தேன். மாமா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு என் பக்கத்தில் குந்தினார்.

"லாரிக்கு நீயும் போட்டியா?"

தலையாட்டினேன்.

"அடிப்பாவி. நீ கூட்டினது மேலயே நானும் கூட்டிப் போட்டிருக்கேன்."

பிறகு மாமா எழுந்து எதிர்ப்பக்கம் போய், "ஏம்மா, நீயும் கொஞ்சம் சேத்துப் போட்டுட்டீன்னா சரியாயிடும். ரோட்டுக்கு நல்லது" என்று கேட்டுப் பார்த்தார்.

"பாத்ததைத்தாண்ணா போடுவேன். பாக்காததை எப்பிடிப் போடறது?" என்று அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னது எங்கள் பக்கம்வரை கேட்டது.

அன்று மாலை விஷயம் அம்மாவுக்குத் தெரிந்தது. திட்டுவாள் என்று நினைத்தேன். டம்ளர்களை உள்ளே தள்ளிக்கொண்டே சிரித்தாள். "கவர்மென்ட்டுல வண்டின்னு எழுதிட்டீங்கல்ல? நாளையிலிருந்து ஹார்ன் அடிச்சிட்டே கடக்கறேன்."

வேகத்தடை வரவில்லை. நான் ஒவ்வொரு நாளும் பார்த்தேன். சில வருடம் கழித்து, நான் எட்டாவது படிக்கும்போது, சாலையே அகலமாகி வந்தது. போக இரண்டு, வர இரண்டு. நடுவில் இடுப்புயரத் தடுப்புச் சுவர். பச்சைக் கல்லையும் எங்கள் வாசற்படியையும் ஒரே நாளில் எடுத்தார்கள். கடப்பதற்கான திறப்பை லாரி எடைமேடைக்குப் பக்கத்தில், நடந்தால் பத்து நிமிடத் தூரத்தில் விட்டார்கள். அம்மா அவ்வளவு தூரம் நடக்கவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சுவரில் ஏறி இறங்கினாள், மற்ற எல்லாப் பெண்களையும்போல.

நான் படித்து முடித்து வந்து சேர்ந்திருப்பதும் இதே தொழில்தான். இப்போது யாரும் கல்லில் உட்கார்ந்து கோடு போடுவதில்லை. கேமரா பார்க்கிறது, கம்ப்யூட்டர் வரிசை பிரிக்கிறது, அது ஜேசிபியைப் பார்த்துக் குழம்பும் இடத்தில் நான் உட்கார்ந்து திருத்துகிறேன். மாமா சொன்னது நேர்மாறு என்று முதல் மாதத்திலேயே தெரிந்துகொண்டேன். பெரிய வண்டிகள் எவ்வளவு அதிகமோ, அங்கே வேகத்தடை வைப்பதற்கான வாய்ப்பு அவ்வளவு குறைவு. அந்த வண்டிகள் நிற்காமல் போகத்தான் சாலை அகலமாகும். எங்கள் கோடுகளால்தான் அந்தச் சாலை அகலமானது என்று நான் சொல்லமாட்டேன். மூன்று நாளின் பென்சில் கோடுகளுக்கு அத்தனை பலம் கிடையாது. இல்லவே இல்லை என்றும் கணக்குப் போட்டுக் காட்ட என்னால் முடியவில்லை.

போன மாதம் வீட்டுக்குப் போயிருந்தபோது இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். மாமாவின் சாப்பாட்டுக் கடையை நினைத்து இருவரும் சிரித்தோம். அப்போதுதான் அம்மா சாதாரணமாகச் சொன்னாள்.

"வேகத்தடை எதுக்கு? அந்த ஒரு வாரம் நான் ராணி மாதிரி கடந்தேன். அந்த நாட்றாம்பாளையத்துப் பொண்ணு என் கையைப் புடிச்சிட்டு, எழுதற அட்டையை இப்பிடித் தூக்கிக் காட்டுவா. ஆர்டிஓ ஆளுன்னு நெனச்சு ஒரு லாரிக்காரனும் அசைய மாட்டான். செருப்பு போன கதையை உங்க மாமா மொத நாளே அவகிட்ட சொல்லியிருக்கான்."

"அந்த நேரத்துல போற வண்டிக்கு யாரு கோடு போட்டாங்க?"

"எந்த வண்டி? அதான் நின்னுடுச்சே."

அந்த ஏழு மாலையும் நான் அங்கேதான் இருந்தேன். எங்கள் சாலை தினமும் ஒரு நிமிடம் நின்றிருக்கிறது. அதைப் பார்க்காமல் தாளில் குனிந்திருந்தேன், கடந்தது ஒரு ஆள் என்று கோடு போட்டுக்கொண்டு. வந்தது இரண்டு பேர். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் போனது ஒருத்தி, தனியாக.