வியாழக்கிழமைகளில் அப்பா போன இடம்

அப்பாவுக்குக் கடல் பயம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்குப் போனால், கடலோரக் கேணியின் மேற்படியில் நின்று தண்ணீரைக் கையால் அள்ளித் தலையில் தெளித்துக்கொள்வதோடு சரி. எங்களையும் இறங்க விடமாட்டார். பண்டத்தரிப்பில் தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். குளிக்கக் கிணறு போதும் என்பார்.

சுன்னாகத்தில் சந்தைக்குப் பக்கத்தில் அவருடைய கடை. தண்ணீர் இறைக்கும் மோட்டார்கள் விற்பதும் பழுதுபார்ப்பதும் தொழில். வெங்காயத் தோட்டக்காரர் யாராவது மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கினால், அதை ஓடவிட்டுக் கண்ணை மூடிச் சத்தத்தை மட்டும் கேட்பார். பிறகுதான் கழற்றுவார். மத்தியானம் ஒரு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்து, அம்மாவோடு இருந்துதான் சாப்பிடுவார். அம்மாவுக்கு முதுகில் ஒப்பரேஷன் நடந்தபோது மூன்று மாதம் அவரே சமைத்தார். எனக்கு ஆசிரியர் வேலை கிடைத்த முதற் கிழமை முழுவதும் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப்போய்ப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டார். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. பிள்ளைகள் பார்த்துச் சிரித்தார்கள்.

வியாழக்கிழமை பின்னேரங்களில் மட்டும் கடை பூட்டு. வடமராட்சிப் பக்கம் மோட்டார் பொருத்திக்கொடுத்த வீடுகளைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போவார். பொழுதுபட முன் வந்துவிடுவார். அதில் கேட்க என்ன இருக்கிறது?

போன மாசியில், கடையில் கதிரையில் இருந்தபடியே இறந்துபோனார். கனடாவில் இருந்து தம்பி வந்து சேர்ந்த பிறகு எடுத்தோம்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு அன்று, வந்த சனம் சாப்பிட்டுவிட்டுக் கலைகிற நேரம், அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் வாசல் படலையடியில் தயங்கி நின்றார். வடமராட்சியில், வல்வெட்டித்துறையில் மீன்பிடிக்கிறவராம். பத்திரிகையில் படத்தைப் பார்த்துத்தான் செய்தி தெரிந்ததாம். கையில் ஒரு பை. அதற்குள் உடுக்கிற சாரம் ஒன்றும் துவாயும் தோய்த்து மடித்து வைக்கப்பட்டிருந்தன.

"அண்ணை எங்கடை வீட்டிலை விட்டு வைச்சிருந்தவர்," என்றார். "வியாழக்கிழமையளிலை நீந்த வந்தா மாத்துறதுக்கு."

ஆள் மாறி வந்துவிட்டார் என்று நினைத்தேன். படத்தைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாரம் அப்பாவுடையதுதான். நான் தைப்பொங்கலுக்கு வாங்கிக் கொடுத்தது. அது எங்கே போனது என்று கேட்டதற்குக் கடையில் கிடக்கிறது என்று சொல்லியிருந்தார்.

அவர் போன பிறகு தம்பி என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டான். "அக்கா, அங்காலை வேறை ஏதும் குடும்பம்..." என்று தொடங்கி நிறுத்தினான். நான் அவனை ஏசினேன். ஆனால் அதே நினைப்பு எனக்கும் வந்திருந்ததை அவனுக்குச் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை தனியாகப் போனேன். தம்பி வரவில்லை, தெரியாமல் இருப்பதே நல்லது என்றான்.

கடற்கரையோரம் சின்ன வீடு. அவரும் மனைவியும்தான். ஆறு வருடத்துக்கு முன் அவர்களுடைய கிணற்று மோட்டாரைத் திருத்தப் போன அப்பா, வேலை முடிந்ததும் கடலைப் பார்த்துக்கொண்டு கனநேரம் நின்றாராம். பிறகு, தன்னை நீந்தப் பழக்க முடியுமா என்று கேட்டாராம். அப்பாவுக்கு அப்போது ஐம்பத்தொன்பது. முதல் நாலு கிழமையும் கழுத்தளவு தண்ணீரில் இவருடைய கையை விடவேயில்லையாம். உப்புத் தண்ணியைக் குடித்து இருமி, சத்தம் போட்டுச் சிரிப்பாராம்.

அப்பா சத்தம் போட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை.

மனைவி எனக்குப் பால் விடாத பிளேன்ரீ தந்தார். அம்மாவின் முதுகு இப்போது எப்படி என்று கேட்டார். எனக்கு இடமாற்றம் வந்தது, தம்பியின் மகளுக்கு முதற்பல் விழுந்தது எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. "வந்தா உங்களைப் பற்றித்தான் கதை," என்றார்.

"ஏன் நீந்த வேணும் எண்டு சொன்னவரோ?" என்று கேட்டேன்.

கணவரும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நானும் ஒருக்காக் கேட்டனான், பிள்ளை," என்றார் கணவர். "சும்மா எண்டார். வீட்டிலை ஆருக்கும் சொல்லவேண்டாம் எண்டார்."

வீட்டுக்குத் திரும்பும் வழி முழுவதும் அதுதான் மனதில் ஓடியது. எங்களிடமிருந்து கொஞ்ச நேரம் தப்பிப் போக நினைத்தாரா? அப்படியென்றால் அங்கே போயும் ஏன் எங்களையே கதைத்தார்? வீட்டில், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடிக்கும் நினைவுப் புத்தகத்துக்காகத் தம்பி எழுதி வைத்திருந்ததை வாசிக்கத் தந்தான். குடும்பமே உலகமென வாழ்ந்தவர் என்று இருந்தது. சரியா என்று கேட்டான். சரி என்றுதான் சொன்னேன். சொன்ன பிறகும் அந்த வரியையே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அம்மா முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தபோது மெதுவாகச் சொல்லத் தொடங்கினேன். அவர் தலை நிமிரவில்லை.

"எனக்குத் தெரியும்," என்றார். "வியாழக்கிழமை வந்து படுத்தா தலை மயிர் உப்புப் பிடிச்சுக் கிடக்கும்."

"பிறகேன் கேக்கேல்லை?"

"கேட்டா, போறதை விட்டிடுவார்."

கோபம் வரவில்லையா என்று கேட்டேன். வந்தது, இப்பவும் இருக்கிறது என்றார். எதற்குக் கோபம், போனதற்கா சொல்லாததற்கா என்று எனக்கு விளங்கவில்லை. அவருக்கும் விளங்கியிருக்குமோ தெரியாது.

அந்தியேட்டி முடிந்து தம்பி கனடாவுக்குப் போன பிறகு, அம்மா தன்னை ஒருக்கால் அங்கே கூட்டிப்போகச் சொன்னார். ஓட்டோ பிடித்துப் போனோம். அம்மா வீட்டுக்குள் போகவில்லை. நேரே கடற்கரைக்கு நடந்தார். அந்த மனிதரும் கூடவே வந்தார்.

"எவ்வளவு தூரம் போறவர்?" என்று அம்மா கேட்டார்.

அவர் தூரத்தில் கட்டியிருந்த படகு ஒன்றைக் காட்டினார். நான் நினைத்ததைவிட வெகு தூரம்.

"தனியவோ?"

"ஓமம்மா. கடைசி ரண்டு வருசமும் என்னை வரவேண்டாம் எண்டிட்டார்."

அம்மா அந்தப் படகைப் பார்த்தபடி நின்றார். "எனக்குச் சொல்லியிருந்தா நானும் வந்து கரையிலை இருந்திருப்பன்," என்றார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. கேட்டால் விட்டுவிடுவார் என்று அன்றைக்குச் சொன்னவரும் இவர்தான்.

மனைவி தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டார். அம்மா வேண்டாம் என்றுவிட்டு, பிறகு போய் வாசலில் இருந்த கதிரையில் இருந்தார். அப்பா இங்கே தேத்தண்ணிக்குச் சீனி போட்டாரா, நீரிழிவுக்காரர் ஆயிற்றே என்று விசாரிக்கத் தொடங்கினார். இரண்டு பெண்களும் அதைப் பற்றி வெகுநேரம் கதைத்துக்கொண்டிருந்தார்கள். கிட்டப் போய் இருப்பதா, ஓட்டோவில் காத்திருப்பதா என்று தெரியாமல் நான் மணலில் நின்றேன்.